கதைக்குப் புகலிடம்: ஷோபாசக்தியின் வாழ்வும் நாவல்களும்

 

செங்கத்தில் கூடியிருக்கும் இவ்வவைக்கு ஆற்றுப்படை என்னும் இலக்கிய வகையை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம், இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனாரால் இந்நிலத்துத் தலைவனாகிய நன்னன்மேல் பாடப்பட்டது. செங்கண்மா என்று அன்று வழங்கிய இவ்வூருக்கு வரும் வழியை அதன் 583 அடிகளும் விரித்துரைக்கின்றன. பரிசில் பெற்று மீளும் கூத்தன், வறுமையோடு எதிர்ப்படும் மற்றொரு கூத்தனுக்கு வழி சொல்கிறான். பன்றிக்கு வைத்த பொறி எங்கே, பாம்பு உறையும் குழி எங்கே, தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கல் எப்பக்கமிருந்து வரும் என்றெல்லாம் எச்சரிக்கிறான். வழியின் முடிவில் அடையாத வாயில் இருக்கிறது. பாட்டைக் கேட்டுப் பரிசில் தரும் தலைவன் இருக்கிறான்.

இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் இன்னொரு தமிழ்க்கூட்டம் வழி நடந்தது. ஈழத்தினின்று ஐரோப்பாவுக்கும் கனடாவுக்கும் சென்ற அம்மக்களுக்கு வழி சொன்னவர் பணம் பெற்ற முகவர். வாயிலில் அமர்ந்திருந்தவர் அரசு அதிகாரி. அவரும் ஒன்றைக் கேட்டார்: உன் கதையைச் சொல். அக்கதையை அவர் நம்பினால் புகலிடம்; நம்பாவிடில் திருப்பியனுப்பும் ஆணை. பாட்டுக்குப் பரிசில் என்பது பழைய முறை. கதைக்குப் புகலிடம் என்பது புதிய முறை. இப்புதிய முறையைத் தமிழ் நாவலின் பொருளாகவும் வடிவமாகவும் ஆக்கியவர்களுள் தலைமையானவர் பிரான்சில் வாழும் ஷோபாசக்தி. அவருடைய வாழ்வையும் நாவல்களையும் குறித்ததே இவ்வுரை.

தீவிலிருந்து பாரிசுக்கு

ஷோபாசக்தியின் இயற்பெயர் அந்தோனிதாசன் யேசுதாசன். 1967-இல் யாழ்ப்பாணத்தை அடுத்த தீவுப் பகுதியில், அல்லைப்பிட்டி என்னும் சிற்றூரில் பிறந்தார். 1983 சூலைப் படுகொலைகள் நிகழ்ந்தபோது அவர் பதின்பருவத்துச் சிறுவர். அக்காலத்து இளைஞர் பலரைப் போல் அவரும் இயக்கத்தில் சேர்ந்தார். விடுதலைப் புலிகளோடு சில ஆண்டுகள் இருந்து, பின் விலகினார். நாட்டைவிட்டு வெளியேறி ஹாங்காங், தாய்லாந்து வழியாக 1993-இல் பிரான்சை அடைந்தார். அங்கே உணவகங்களில் தட்டுக் கழுவியும் சமைத்தும் கடையில் பொருள் அடுக்கியும் வாழ்வு நடத்தினார். இடதுசாரி அமைப்பொன்றில் ஈடுபட்டதும் இக்காலத்திலேயே. விரிந்த வாசிப்புக்கும் எழுத்துக்கும் அவரைக் கொண்டுவந்தவற்றுள் அவ்வீடுபாடும் ஒன்று.

அன்றைய பாரிசு, தமிழ்ச் சிற்றிதழ்களின் நகரமாகவும் இருந்தது. ‘அம்மா’, ‘எக்ஸில்’ முதலிய இதழ்கள் அங்கிருந்து வெளிவந்தன. பகலெல்லாம் உழைத்தோர் இரவில் தட்டச்சு செய்து, தம் ஊதியத்தில் அச்சிட்டு, அஞ்சலில் அனுப்பிய இதழ்கள் இத்தகையவை. ஷோபாசக்தி எழுதத் தொடங்கிய சூழல் இது. பின்னர்ச் சுகனோடு இணைந்து ‘சனதருமபோதினி’, ‘கறுப்பு’ ஆகிய தொகுப்புகளையும் வெளியிட்டார்.

அச்சூழலில் எழுதுவது பாதுகாப்பான செயலாக இருக்கவில்லை. 1994 மே முதல் நாளன்று, எழுத்துப் பணியில் ஈடுபட்டிருந்த சபாரத்தினம் சபாலிங்கம் பாரிசில் தம் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். கடல் கடந்து வந்தாலும் கருத்துக்கு விலை உண்டு என்பதை அக்கொலை எல்லோருக்கும் உணர்த்திற்று. இதனை மனத்திற்கொண்டே ஷோபாசக்தியின் நாவல்களைப் படிக்க வேண்டும். அவற்றின் எள்ளலுக்கு அடியில் அச்சம் இருக்கிறது. அச்சத்தை அறிந்தே எழுதிய துணிவும் இருக்கிறது.

எந்த மொழியில் எழுதுவது?

பிரான்சுக்குக் குடிபெயர்ந்த எழுத்தாளரைப் பற்றிப் பேசும்போது மொராக்கோ நாட்டார் நினைவுக்கு வருவது இயல்பு. 1912 முதல் 1956 வரை பிரெஞ்சுப் பாதுகாப்பாட்சியின் கீழ் இருந்த அந்நாட்டில் பள்ளிமொழியாகப் பிரெஞ்சு வேர்கொண்டது. 1971-இல் பிரான்சுக்கு வந்த தஹர் பென் ஜெலூன், அரபு மொழிச் சூழலில் பிறந்தும் தம் நாவல்களைப் பிரெஞ்சிலேயே எழுதினார்; 1987-இல் கோன்கூர் பரிசு பெற்றார். ரபாத் நகரில் 1981-இல் பிறந்த லெய்லா ஸ்லிமானி 2016-இல் அதே பரிசைப் பெற்றார். இவர்களுக்கு முன்னோடி திரிஸ் ஷ்ராய்பி. 1954-இல் வெளிவந்த அவருடைய முதல் நாவல், தந்தையின் அதிகாரத்தையும் சமயப் போலித்தனத்தையும் கடுமையாகச் சாடியது. நாடு விடுதலைக்குப் போராடிய வேளையில் சொந்தக் குடும்பத்தின் குறையை அந்நியன் மொழியில் சொல்வதா என்று அவரைத் தூற்றினர். அழுத்தம் தாங்காமல் அவர் தம் நாவலைத் தாமே மறுத்துரைத்தார். அவ்வாறு செய்ததற்காகப் பின்னர் வருந்தினார்.

ஷோபாசக்தி எதிர்கொண்ட குற்றச்சாட்டும் ஏறத்தாழ இதுவே. சொந்த மக்களின் போராட்டத்தைக் குறைகூறுபவர் என்றனர், துரோகி என்றனர். அவரோ தம் சிறுகதைத் தொகுதிக்குத் ‘தேசத்துரோகி’ என்றே பெயரிட்டு 2003-இல் வெளியிட்டார். ஆனால் ஷ்ராய்பிக்கும் அவருக்கும் ஒரு வேறுபாடு உண்டு. ஷோபாசக்தி இதனையெல்லாம் தமிழிலேயே சொன்னார். ஈழத்தில் பிரெஞ்சுக் கல்வி இல்லாமையால் நேர்ந்தது இது என்று ஒருவர் கூறலாம். அது உண்மையே, எனினும் முழு உண்மையாகாது. கால் நூற்றாண்டுக்கும் மேலாகப் பிரான்சில் வாழ்ந்தும், திரைப்படத்தால் பிரெஞ்சு மக்களிடையே புகழ் பெற்றும், அவர் நாவலின் மொழியை மாற்றிக்கொள்ளவில்லை. தம் மக்களைக் குறித்த வழக்கைத் தம் மக்களின் முன்னே, அவர்தம் மொழியிலேயே வைத்தார். அவ்வழக்கில் சாட்சியும் குற்றஞ்சாட்டப்பட்டோரும் தீர்ப்புச் சொல்ல வேண்டியோரும் தமிழரே என்பதனால், வேறு மொழி அதற்குப் பொருந்தியிராது.

விண்ணப்பமும் நாவலும்

புகலிடம் கோருவோர் பிரான்சில் முதன்முதலாகத் தம் பெயரில் அளிக்க வேண்டிய எழுத்து, அகதி விண்ணப்பம். அது பிரெஞ்சில் இருத்தல் வேண்டும். மொழியறியாதார் மற்றொருவரிடம் சொல்லி எழுதுவிப்பர். இதனைக் ‘கேஸ் எழுதுதல்’ என்பது புலம்பெயர் தமிழர் வழக்கு. பட்ட துன்பம் உண்மையாக இருந்தாலும் அதிகாரி நம்பும் வகையில் அதற்கு நாளும் இடமும் ஒழுங்கும் அமைய வேண்டும். அஞ்சி ஓடியவன் நாட்களை மறந்திருப்பான். மறந்தவன் பொய்யன் ஆவான். உண்மை பொய்போலத் தோன்றுவதும் பொய் உண்மைபோல நிற்பதும் இவ்விடத்தில்தான்.

2001-இல் வெளிவந்த ‘கொரில்லா’ இந்த விண்ணப்பத்தின் வடிவிலேயே தொடங்குகிறது. பத்திகளுக்கு எண்கள் இடப்பட்டுள்ளன, அடிக்குறிப்புகள் வருகின்றன. அரசு ஆவணத்தின் உலர்ந்த நடைக்குள் குஞ்சன்வயல் என்னும் ஊரும், கொரில்லா என்று பட்டப்பெயர் பெற்ற முரட்டுத் தந்தையும், இயக்கத்திற்குச் சென்ற மகன் ரொக்கிராஜும் உயிர்பெறுகின்றனர். அதிகாரியின் முன் சொல்ல முடியாதவை பலவும் வாசகன் முன் சொல்லப்படுகின்றன: இயக்கத்துத் தண்டனைகள், சாதி, வறுமை, ஊரின் நகைப்பு. எழுத்தாளரின் இயற்பெயரும் கதைக்குள் நடமாடுவதால், எது வாழ்க்கை, எது புனைவு என்னும் வினா இறுதிவரை தீர்வதில்லை. அதிகாரி கேட்ட அதே வினாவை வாசகனும் கேட்க நேர்கிறது. கேட்கும்போதே அவ்வினாவின் கொடுமையும் அவனுக்குப் புலனாகிறது.

‘ம்’ என்னும் ஓரெழுத்து

கதை சொல்பவருக்கு எதிரில் அமர்ந்தவர் ‘ம்’ கொட்டுவது தமிழ் வீடுகளின் வழக்கம். கேட்கிறேன், மேலே சொல் என்பது அதன் பொருள். 2004-இல் வெளிவந்த தம் இரண்டாம் நாவலுக்கு ஷோபாசக்தி இவ்வோரெழுத்தையே பெயராக வைத்தார். 1983 சூலை 25, 27 ஆகிய இரு நாட்களில் கொழும்பு வெலிக்கடைச் சிறையில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டனர். எஞ்சியோர் மட்டக்களப்புச் சிறைக்கு மாற்றப்பட்டனர். அவ்வாண்டு செப்டம்பர் 23 அன்று அச்சிறை உடைக்கப்பட்டது. இந்நிகழ்ச்சிகளைக் கடந்து ஐரோப்பாவில் வாழும் நேசகுமாரன் என்பவனின் கதை அந்நாவல். அரசின் கொடுமைக்கு ஆளானவன் அவன். தானே கொடுமை செய்பவனாகவும் இருக்கிறான். இவ்விரண்டையும் ஒருவனிடத்தே வைத்துக் காட்டியமைதான் நாவலின் கனம்.

இங்கே ‘ம்’ என்பதன் பொருள் மாறிவிடுகிறது. எத்தனை கொலைகளைக் கேட்டும் ‘ம்’ என்று மட்டும் சொல்லி, அடுத்த கதைக்குச் செவிகொடுக்கும் சமூகத்தின் ஒலியாக அது ஆகிறது. கேட்டல் என்னும் நற்பண்பே உடன்பாடாகவும் குற்றமாகவும் திரிவதை ஓரெழுத்துச் சொல்லால் உணர்த்தியது தமிழ் நாவலில் புதுமை எனலாம். கவிஞர் நிறைந்த அவை இதனைக் கருதிப் பார்த்தல் தகும்.

போருக்குப் பின்

2009 மே மாதத்தில் போர் முடிவுற்றது. அதன்பின் வந்த ‘பாக்ஸ்: கதைப் புத்தகம்’ (2015), அழிந்து எஞ்சிய வன்னிச் சிற்றூர் ஒன்றின் கதைகளைத் தொகுத்துரைக்கிறது. ‘இச்சா’ (2019), சிறையிலிருக்கும் ஆலா என்னும் பெண் போராளியின் வாழ்வைச் சொல்கிறது. ‘ஸலாம் அலைக்’ 2022-இல் வெளிவந்தது. இவற்றுள் ‘இச்சா’ இரு தரப்பாரின் கையிலும் அகப்பட்ட ஒரு பெண்ணுடலின் கதை. போராளியைத் தெய்வமாக்காமலும் பேயாக்காமலும் ஊர்ப்பெண்ணாகக் காட்டிய வகையில் குறிப்பிடத்தக்கது.

2015-இல் ழாக் ஓதியார் இயக்கிய ‘தீபன்’ திரைப்படத்தில் ஷோபாசக்தி தலைமை வேடம் ஏற்றார். அறிமுகமற்ற மூவர், இறந்தோரின் கடவுச்சீட்டுகளைக் கொண்டு ஒரு குடும்பமாக நடித்துப் பிரான்சுக்கு வரும் கதை அது. அப்படம் கான் விழாவில் தங்கப்பனை விருது பெற்றது. பெரிதும் தமிழிலேயே உரையாடல் அமைந்த பிரெஞ்சுப் படம் உலகின் உயர்ந்த திரைப்பரிசு ஒன்றைப் பெற்றமை நமக்கும் பெருமையே. அதன்பின் பிரெஞ்சு வாசகர் அவரைத் தேடினர். அவருடைய சிறுகதைகள் 2018-இலும், ‘இச்சா’ 2022-இலும் சுல்மா பதிப்பகத்தின் வழியாகப் பிரெஞ்சில் வந்தன. அவர் பிரெஞ்சுக்குப் போகவில்லை. பிரெஞ்சு அவரிடம் வந்தது. ‘கொரில்லா’வும் ‘ம்’ நாவலும் முன்னரே ஆங்கிலத்தில் வந்துவிட்டன.

மறுப்பும் மதிப்பும்

ஷோபாசக்தியின் எழுத்தை மறுப்போர் இன்றும் உளர். இயக்கத்தின் தவறுகளை அவர் மிகுத்துரைக்கிறார் என்பது ஒரு மறுப்பு. வெலிக்கடையையும் வன்னியையும் எழுதியவர் அரசின் கொடுமையை மறைத்தார் என்று யாரும் சொல்லவியலாது. எனினும், எவ்வேளையில் எதனைச் சொல்வது என்னும் வினா நேர்மையானதே. அவருடைய எள்ளல் சிலவிடத்துத் துயரத்தின் ஆழத்தைக் குறைத்துவிடுகிறது என்பது மற்றொன்று. கொடுமைகளை அடுக்கிச் செல்லும் பக்கங்களில் இம்மறுப்புக்கு இடமுண்டு. ஆயின் அந்நகைப்பு தீவுப்பகுதி மக்களின் பேச்சிலிருந்தே எடுத்தது. அதனை நீக்கினால் அம்மக்கள் வெறும் பலியாட்களாகவே எஞ்சுவர்.

ஒன்று உறுதி. தம் கட்சி வெல்லும்போது எழுதுவது எளிது. தோற்றபின் அழுது எழுதுவதும் எளிது. போர் நடக்கும்போதே, தம் தரப்பாரின் பிழையைத் தம் தரப்பாரிடம், அவர்கள் மொழியில் எழுதுவது அரிது. அதற்கு ஷோபாசக்தி தந்த விலை, ஊரில்லாமை மட்டுமன்று, வந்த ஊரிலும் உறவில்லாமை.

பத்தாண்டுகளாகக் கவிதை படித்தும் கேட்டும் வரும் ஓர் இலக்கிய வட்டத்திற்கு இவ்வாழ்வு தரும் செய்தி ஒன்று உண்டு. ஒவ்வொரு கூட்டத்திலும் ஒருவர் படிக்கிறார். மற்றவர் ‘ம்’ என்று கேட்கின்றனர். அந்த ‘ம்’ எதற்கான உடன்பாடு என்று வட்டம் தன்னைத்தானே கேட்டுக்கொள்ளும் நாளில், அங்கே படிக்கப்படும் கவிதையும் வேறாகும்.