அறுவையா? அருமையா?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் பேசியது. மலருக்காகச் சற்றே விரித்து எழுதப்பட்டது.)



"உன் துறையைப் பற்றி இருபது நிமிஷம் பேசு" என்றார் நம் செயலாளர். நான் துணை மின்நிலையங்களில் ரிலே பாதுகாப்பு வேலை பார்ப்பவன். அதைப் பற்றி இருபது நிமிஷம் பேசினால் இந்த அரங்கத்தில் முழித்துக்கொண்டிருப்பவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஆகவே வேறு விஷயம் பேச அனுமதி வாங்கிக்கொண்டேன். ஓர் இசைத்தட்டு பற்றிப் பேசப்போகிறேன். அது அறுவை என்கிறான் என் அறைத்தோழன். அருமை என்கிறேன் நான். விடுதியில் ஒரு சீனியர் விட்டுப்போன ஹார்ட் டிஸ்க்கில் அது எங்களுக்குக் கிடைத்தது. பத்து வருஷத்துக்கு மேலாகிவிட்டது, வழக்கு இன்னும் முடியவில்லை.

இசைத்தட்டின் பெயர் 'ஸோல் ஸ்டேஷன்'. வாசித்தவர் ஹேங்க் மோப்லி, டெனர் சாக்ஸபோன். உடன் வாசித்தவர்கள் மூன்றே பேர்: பியானோவில் விண்டன் கெல்லி, பாஸில் பால் சேம்பர்ஸ், டிரம்ஸில் ஆர்ட் பிளேக்கி. 1960 பிப்ரவரி 7 அன்று, அமெரிக்காவில் நியூ ஜெர்ஸியின் எங்கிள்வுட் கிளிஃப்ஸ் என்ற ஊரில், ஒரே நாளில் பதிவானது. வெளியிட்டது ப்ளூ நோட் நிறுவனம். மொத்தம் ஆறு டியூன், ஏறக்குறைய 37 நிமிஷம்.

பொறியியல் மாணவர்களுக்காக ஒரு தகவல். பதிவு செய்தவர் ரூடி வான் கெல்டர். தொழிலால் அவர் கண் பரிசோதகர். பகலில் கண்ணாடிக்குப் பவர் பார்த்துவிட்டு, ஹேக்கன்சாக் என்ற ஊரில் அப்பா அம்மா வீட்டுக் கூடத்திலேயே பல பெரிய ஜாஸ் தட்டுகளைப் பதிவு செய்தவர். 1959-இல்தான் எங்கிள்வுட் கிளிஃப்ஸில் உயர்ந்த மரக்கூரை போட்டுத் தனி ஸ்டுடியோ கட்டினார். நமது தட்டு அந்தப் புது ஸ்டுடியோவின் ஆரம்ப நாட்களில் பதிவானது.

இந்த வகைக்கு 'ஹார்ட் பாப்' என்று பெயர். இந்தப் 'பாப்' மைக்கேல் ஜாக்ஸன் பாப் அல்ல. 1940-களில் சார்லி பார்க்கரும் டிஸ்ஸி கில்லெஸ்பியும் வளர்த்தெடுத்த வேகமான, சிக்கலான ஜாஸுக்குப் 'பீபாப்' என்று பெயர். 1950-களின் நடுவில் ஆர்ட் பிளேக்கி, ஹோரஸ் சில்வர் போன்றவர்கள் அதில் ப்ளூஸையும் கறுப்பின மக்களின் தேவாலயப் பாட்டின் சூட்டையும் கலந்தார்கள். அதுதான் ஹார்ட் பாப். அந்த இருவரோடு 'ஜாஸ் மெஸஞ்சர்ஸ்' குழுவில் தொடக்கத்திலிருந்தே வாசித்தவர் மோப்லி. அதாவது, இந்த வீட்டுக்கு அஸ்திவாரம் போட்டவர்களில் ஒருவர்.

இனி வழக்குக்கு வருவோம். எதிர்த்தரப்பை முதலில் ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். எதிராளியின் வாதத்தை அவன் தலையாட்டி ஒப்புக்கொள்ளும்படி சொல்லத் தெரியாதவனுக்கு வாதம் செய்யவே உரிமை கிடையாது என்பது என் கட்சி.

நண்பனின் முதல் குற்றச்சாட்டு: "எல்லா டியூனும் ஒரே அச்சுடா. முதலில் மெட்டு, அப்புறம் ஆளாளுக்கு ஒரு சோலோ, கடைசியில் திரும்ப மெட்டு. இட்லித் தட்டு மாதிரி."

இரண்டாவது: ஊதுகுழல் ஒன்றே ஒன்று. டிரம்பெட்டும் சாக்ஸபோனும் மோதிக்கொள்ளும் சுவாரசியம் இதில் இல்லை. பெரும்பாலும் நடுத்தர வேகம். அழவைக்கும் மெதுவும் கிடையாது, மூச்சு முட்டும் வேகமும் கிடையாது.

மூன்றாவதுதான் பலமானது. அதற்கு முந்தைய வருஷத்தைப் பாருங்கள் என்கிறான். 1959-இல் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' வந்தது. ஆர்னெட் கோல்மன் 'தி ஷேப் ஆஃப் ஜாஸ் டு கம்' என்று பெயரிலேயே வருங்காலத்தை அறிவித்தார். ஜான் கோல்ட்ரேன் 'ஜயண்ட் ஸ்டெப்ஸ்' பதிவு செய்தார். மூன்று பேரும் மூன்று கதவைத் திறந்துவிட்டார்கள். "அதே நேரத்தில் உன் ஆள் என்ன பண்ணினார்? திறந்த கதவையெல்லாம் விட்டுவிட்டு, உள்ளே உட்கார்ந்து பழைய நாற்காலிக்குப் பாலிஷ் போட்டார்" என்கிறான்.

சாட்சிகளும் வைத்திருக்கிறான். விமர்சகர் லியனார்ட் ஃபெதர், மோப்லிக்கு டெனர் சாக்ஸபோனின் 'மிடில்வெயிட் சாம்பியன்' என்று பட்டம் கொடுத்தார். மைல்ஸ் டேவிஸ் 1961-இல் மோப்லியைத் தன் குழுவில் வைத்துக்கொண்டார். ஆனால் 1989-இல் வந்த தன் சுயசரிதையில், அவரோடு வாசித்தது தன் கற்பனையைத் தூண்டவில்லை என்கிற பொருளில் எழுதிவிட்டார். மைல்ஸே சொல்லிவிட்டார், அப்பீல் ஏது?

இனி என் தரப்பு.

அச்சு ஒன்றுதான், மறுக்கவில்லை. ஆனால் அதற்குள் நடப்பதைப் பாருங்கள். முதல் டியூன் 'ரிமெம்பர்'. 1925-இல் இர்விங் பெர்லின் போட்ட பழைய மெட்டு. அசலில் அது வால்ட்ஸ், அதாவது மூன்று எண்ணிக்கைத் தாளம். மோப்லி அதை நான்கு எண்ணிக்கைக்கு மாற்றிவிடுகிறார். கேட்பவருக்கு மாற்றிய சுவடே தெரியாது, பிறவியிலேயே நான்கு போல நடக்கிறது. நான்காவது டியூன் 'ஸ்ப்ளிட் ஃபீலின்ஸ்' மோப்லியின் சொந்தச் சரக்கு. அதில் தாளம் லத்தீன் நடைக்கும் ஸ்விங் நடைக்கும் மாறி மாறித் தாவுகிறது. இதெல்லாம் நடுத்தர வேகத்திலேயே நடப்பதால் யாரும் கைதட்டுவதில்லை, அவ்வளவுதான்.

ஊதுகுழல் ஒன்றே என்பதும் உண்மை. ஆனால் இன்னொரு ஊதுகுழல் இல்லாததால் அடியில் இருக்கும் மூவரும் தெளிவாகக் காதில் விழுகிறார்கள். கெல்லியும் சேம்பர்ஸும் அப்போது மைல்ஸ் டேவிஸின் குழுவில் வாசித்துக்கொண்டிருந்தவர்கள். பிளேக்கி தன் சொந்தக் குழுவில் இடி முழக்கம் போல வாசிப்பவர். இங்கே அதே மனிதர், சமையலறையில் தூங்குகிற குழந்தையை எழுப்பாமல் பாத்திரம் எடுப்பதுபோல வாசிக்கிறார். ஆனால் இரண்டாம், நான்காம் அடியில் ஹை-ஹாட் தப்பாமல் விழுகிறது. மோப்லி ஒரு வாக்கியத்தை முடிக்கும் இடத்தில் சின்னதாக ஓர் உருட்டல் கொடுத்து அடுத்த வாக்கியத்துக்கு இடம் விடுகிறார். 'திஸ் ஐ டிக் ஆஃப் யூ' என்ற இரண்டாவது டியூனில் அவருக்கே சோலோ வரும்போதுதான் கையை முழுசாக வீசுகிறார்.

மோப்லியின் வாசிப்பு எப்படி? கோல்ட்ரேன் சுரங்களை அருவியாகக் கொட்டுவார். மோப்லி பேசுகிறார். தாளத்தின் அடி விழுந்த பிறகு, ஒரு மயிரிழை பிந்தி வாக்கியத்தைத் தொடங்குகிறார். விட்ட வாக்கியத்தின் வாலைப் பிடித்து அடுத்ததை ஆரம்பிக்கிறார். என் நண்பன் ஒரு டியூனுக்கும் அடுத்த டியூனுக்கும் நடுவில் ஆச்சரியத்தைத் தேடுகிறான். இந்தத் தட்டில் ஆச்சரியம் ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் இருக்கிறது. தேடும் இடம் வேறு.

மூன்றாவது குற்றச்சாட்டுக்குப் பதில் சொல்வது கஷ்டம்தான். மோப்லி புதுக் கதவு திறக்கவில்லை, சரி. ஆனால் ஒரு கலை வளரும்போது இரண்டு விதமான வேலை நடக்கிறது. ஒருவர் அடுத்த ஊருக்குப் பாதை போடுகிறார். இன்னொருவர் இருக்கிற ஊரில் வாழ முடியும் என்று காட்டுகிறார். ஹார்ட் பாப் என்பது பத்து வருஷத்து அவசர ஏற்பாடு அல்ல, அதற்குள்ளேயே ஒரு மனிதன் முழுமையாகப் பேச முடியும் என்பதற்கு இந்த 37 நிமிஷம் அத்தாட்சி.

மைல்ஸின் சாட்சியத்துக்கும் ஒரு குறுக்கு விசாரணை உண்டு. அவரது 1961-ஆம் வருஷத்துத் தட்டு 'சம்டே மை பிரின்ஸ் வில் கம்'. அதன் தலைப்பு டியூனில் மோப்லியும் வாசிக்கிறார், விருந்தாளியாக வந்த கோல்ட்ரேனும் வாசிக்கிறார். ஒரே பாட்டில் இருவரையும் பக்கத்தில் வைத்தால் கோல்ட்ரேன்தான் கண்ணைப் பறிப்பார், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மைல்ஸுக்குத் தன்னை உசுப்பிவிடும் ஆள் தேவைப்பட்டது. அது அவர் தேவை. அதிலிருந்து, கேட்கிற உனக்கும் எனக்கும் அறுவை என்று எப்படி முடிவு கட்டுவது?

இந்த இடத்தில் என் தொழிலை உதாரணமாக இழுத்தேன். "எங்க வேலையும் இப்படித்தான்டா. ரிலே ஒழுங்காக வேலை செய்தால் கோளாறு வந்த பகுதி மட்டும் கழன்றுகொள்ளும், மற்ற ஊருக்கெல்லாம் விளக்கு அணையவே அணையாது, எங்களை யாரும் நினைக்கவும் மாட்டார்கள். நன்றாகச் செய்த வேலை வெளியே தெரியாது" என்றேன். அவன் உடனே மடக்கினான்: "துணை மின்நிலையம் அறுவையா இருக்கலாம்டா, இருக்கணும். பாட்டு இருக்கக்கூடாது. தப்பு இல்லை என்பதற்காக யாராவது பாட்டு கேட்பார்களா?"

நியாயமான கேள்வி. ஒரு வாரம் யோசித்துத்தான் பதில் சொன்னேன். தப்பில்லை என்பதற்காக நான் இதைக் கேட்கவில்லை. நான்கு பேர் ஒருவரை ஒருவர் அவசரப்படுத்தாமல் ஒரே அறையில் பேசிக்கொள்வதைக் கேட்கிறேன். தலைப்பு டியூன் மட்டும் ஒன்பது நிமிஷம். அதில் சாக்ஸபோனை மறந்துவிட்டு பால் சேம்பர்ஸின் பாஸை மட்டும் பிடித்துக்கொண்டு போ என்றேன். போனான். "பாஸ் பிரமாதம்" என்றான். "ஆனால் சாக்ஸபோன் தட்டில் பாஸைக் கேள் என்று சொல்லும் நிலைமைக்கு வந்துவிட்டாய் பார்" என்றும் சேர்த்துச் சொன்னான்! இப்படித்தான் போகிறது எங்கள் வழக்கு.

இது வெறும் ரசனைச் சண்டை, இதில் என்ன இருக்கிறது என்று சிலர் நினைக்கலாம். 'மிடில்வெயிட்' என்ற வார்த்தையைச் சுமந்த மனிதரின் மீதி வாழ்க்கையைக் கொஞ்சம் சொல்கிறேன். மோப்லி ப்ளூ நோட்டுக்காகத் தன் பெயரில் இருபதுக்கும் மேற்பட்ட தட்டுகள் பதிவு செய்தார். அவற்றில் சில வருஷக்கணக்கில் அலமாரியில் கிடந்தன. 1961-இல் வாசித்த 'அனதர் வொர்க்கவுட்' 1985-இல் வெளிவந்தது. 1966-இன் 'எ ஸ்லைஸ் ஆஃப் தி டாப்' 1979-இல். 1970-இன் 'திங்கிங் ஆஃப் ஹோம்' 1980-இல். இடையில் போதைப் பழக்கம், சிறைவாசம். 1970-களின் நடுவில் நுரையீரல் கோளாறால் வாசிப்பையே நிறுத்த வேண்டியதாயிற்று. 1986 மே மாதம் ஃபிலடெல்ஃபியாவில் இறந்தபோது வயது 55.

இதற்கெல்லாம் விமர்சகரின் ஒரு வார்த்தைதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. சொன்னால் பொய். ஃபெதர் திட்டுவதற்காக அதைச் சொன்னார் என்றும் சொல்லமாட்டேன். கனமும் இல்லாத, லேசும் இல்லாத நடுத்தரத் தொனி என்பதுதான் அதன் பொருள். ஆனால் வார்த்தை கைமாறும்போது பொருளும் மாறுகிறது. 'நடுத்தரத் தொனி' என்பது நாளடைவில் 'நடுத்தரமான ஆள்' ஆகிவிட்டது. தட்டைக் கேட்காதவர்கள்கூட அந்த வார்த்தையை வைத்தே தீர்ப்பு எழுதினார்கள். என் நண்பனிடம் எனக்குப் பிடித்ததே இதுதான். அவன் கேட்டுவிட்டு அறுவை என்கிறான். எத்தனையாவது நிமிஷத்தில் கொட்டாவி வந்தது என்றுகூடச் சொல்வான். அவனோடு பத்து வருஷம் சண்டை போடலாம். கேட்காமலே 'கிளாசிக்' என்று தலையாட்டுகிறவனோடு பத்து நிமிஷம்கூடப் பேச முடியாது. எனக்கு ஆதரவாக அவன் ஓட்டுப் போட்டாலும் அந்த ஓட்டு செல்லாது.

தம்பி தங்கைகளே, உங்களுக்கு ஒரு வேண்டுகோள். இன்னும் சில மாதத்தில் வேலைக்குப் போவீர்கள். 'இந்த டிசைன் சுமார்', 'அந்த ஆள் சுமார்' என்று ஒரே வார்த்தையில் முடிக்கும் கூட்டங்களில் உட்காருவீர்கள். அப்போது எந்த இடத்தில் சுமார், எதோடு ஒப்பிட்டுச் சுமார் என்று கேளுங்கள். நீங்கள் சொல்லும்போதும் இடத்தைச் சுட்டிச் சொல்லுங்கள். கருத்து வேறுபாடு இருக்கட்டும், நல்லதுதான். ஆனால் அது பொருளைத் தொட்டுப் பார்த்த கையிலிருந்து வரட்டும்.

நண்பன் இதோ இரண்டாவது வரிசையில்தான் இருக்கிறான். இவ்வளவு நேரமும் தலையை இடவலமாகத்தான் ஆட்டிக்கொண்டிருந்தான். அடுத்த மலரில் அவனுக்கும் இரண்டு பக்கம் ஒதுக்கும்படி மலர்க் குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். அதற்குள் நீங்களும் ஒரு 37 நிமிஷம் ஒதுக்கிக் கேட்டுவிடுங்கள். அறுவை என்று பட்டால் அவன் கட்சியில் சேருங்கள், அருமை என்று பட்டால் என் கட்சிக்கு வாருங்கள். எந்தக் கட்சிக்கும் கேட்காமல் மட்டும் வராதீர்கள்.