கணக்கும் கடவுளும் கரண்டுப் பெட்டியும்

(பழைய மாணவர் சங்கக் கூடுகை விழாவில் ஆற்றிய உரை)



செயலாளர் போனில் பேசும்போது, "நீ கணக்கு டிபார்ட்மெண்ட் ஆளு. தயவுசெஞ்சு கணக்கைப் பத்திப் பேசிடாதப்பா, சாப்பாட்டுக்கு முன்னாடி உன் பேச்சுதான்" என்று கேட்டுக்கொண்டார். அதனால் பாட்டைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். ஆனால் பாட்டுக்குள்ளேயும் கணக்கு வந்து உட்கார்ந்துகொள்கிறது. நான் என்ன செய்ய?

நாங்கள் படித்த காலத்தில் விடுதியில் ஒரு வழக்கு தீர்ப்பே இல்லாமல் நடந்துகொண்டிருந்தது. 1986-ல் ‘புன்னகை மன்னன்’ வந்தது. இளையராஜா அந்தப் படத்துக்குக் கம்ப்யூட்டரையும் சீக்வென்சரையும் வைத்து இசை அமைத்தார். அதே ஆண்டில் தியாகராஜருக்கும் ஜெர்மனி நாட்டு பாக்குக்கும் காணிக்கையாக ‘ஹவ் டு நேம் இட்’ இசைத்தொகுப்பும் வந்தது. இரண்டு கேசட்டையும் தேயத் தேயக் கேட்டோம். கேட்ட நேரத்தைவிட சண்டை போட்ட நேரம் அதிகம். புத்தூர் நால்ரோட்டு டீக்கடையில் எங்கள் சத்தம் பஸ் ஹாரனையே அமுக்கிவிடும்.

ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் பிடித்து வரும் நண்பன் சொல்வான்: "ஏண்டா, நாதம்கிறது உபாசனை. சுவிட்சைப் போட்டா வர்றதெல்லாம் நாதம் ஆயிடுமா?"

பாலக்கரையிலிருந்து வருகிறவன் ஞாயிறுதோறும் ஆலயத்தில் ஆர்கன் வாசிப்பான். அவன் விடமாட்டான்: "மாப்ளே, எங்க ஆர்கன்ல காத்தை அடைச்சு சாமியைக் கூப்பிடறோம். காத்துல வர்ற சாமி கரண்டுல வரமாட்டாரா?"

நான் நடுவில் புகுந்து, "ரெண்டு பேரும் சும்மா இருங்கடா. எல்லாம் அதிர்வெண்தான்" என்பேன். அதற்கு இரண்டு பேரும் சேர்ந்து என்னை உதைக்க வருவார்கள். 1992-ல் ‘ரோஜா’ வந்து ரகுமான் பெயர் ஊரெல்லாம் பரவியபோது நாங்கள் ஆளுக்கொரு ஊரில் இருந்தோம். சண்டை இன்லண்ட் லெட்டரில் தொடர்ந்தது!

இது நமக்கு மட்டும் வந்த நோய் இல்லை. ஸ்காட்லாந்தில் ‘போர்ட்ஸ் ஆஃப் கனடா’ என்று ஒரு குழு. அண்ணன் தம்பி இருவர், முழுக்க எலெக்ட்ரானிக் இசை. 2002-ல் ‘ஜியோகாடி’ என்ற தொகுப்பை வெளியிட்டார்கள். அதில் ஒரு பாட்டுக்குப் பெயரே ‘இசை என்பது கணக்கு’. கடைசித் தடத்தில் சத்தமே கிடையாது, வெறும் மௌனம். மொத்த நேரம் 66 நிமிஷம் 6 வினாடி. விவிலியத்தின் வெளிப்படுத்தல் நூலில் வரும் 666 என்ற எண் இது என்று ரசிகர்கள் பிடித்துக்கொண்டார்கள். சாத்தானா, விளையாட்டா, தத்துவமா என்று இன்றும் சர்ச்சை ஓய்ந்தபாடில்லை. என் மகள் இதைச் சொன்னபோது எனக்கு நால்ரோட்டு டீ வாசனையே வந்துவிட்டது.

பாட்டுக்குள் எண்ணை ஒளித்துவைப்பதில் நம்மவர்கள் முன்னோடிகள். பதினேழாம் நூற்றாண்டில் தஞ்சை நாயக்கர் அவையில் இருந்த வேங்கடமகி எழுபத்திரண்டு மேளங்களை வகுத்தார். கணக்கு எளிது. கீழ்ப்பாதியில் ரி-க சேர்க்கை ஆறு, மேல்பாதியில் த-நி சேர்க்கை ஆறு, மத்தியமம் இரண்டு. பெருக்கினால் 72. பின்னால் வந்தவர்கள் கடபயாதி முறையில் ராகத்தின் பெயருக்குள்ளேயே அதன் எண்ணை வைத்தார்கள். மேசகல்யாணியில் ‘ம’வுக்கு 5, ‘ச’வுக்கு 6. திருப்பிப் போட்டால் 65. அதுதான் அந்த மேளத்தின் எண். இதை யாரும் சாத்தான் வேலை என்று சொல்லவில்லை!

நம் கல்லூரி வாசலில் ஓடும் வயலூர் ரோட்டிலேயே போங்கள். வயலூர் முருகனைப் பதினைந்தாம் நூற்றாண்டில் அருணகிரிநாதர் பாடியிருக்கிறார். அவருடைய திருப்புகழில் சந்தம்தான் எலும்புக்கூடு. ‘தன’, ‘தான’, ‘தந்த’ என்று குறிலும் நெடிலும் எண்ணி அடுக்கிய கட்டம். ஒரு மாத்திரை கூடினால் நாக்கு இடறும். இவ்வளவு கறாரான கணக்கில் நின்றுகொண்டுதான் ஒரு மனிதர் கடவுளிடம் உருகியிருக்கிறார். கணக்கு வந்தால் பக்தி போய்விடும் என்கிறவர்கள் பன்னிரண்டாம் நம்பர் டவுன் பஸ் எல்லாம் தேட வேண்டாம், இந்த ஒரு ரோட்டில் போய்வந்தால் போதும்.

சரி, பெட்டிக்கு வருவோம். ஒரு ஸ்தாயியை 1200 பங்காகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஆர்கன், ஹார்மோனியம், கீபோர்டு மூன்றும் அதைப் பன்னிரண்டு சமபாகமாக வெட்டுகின்றன. அதில் அந்தர காந்தாரம் 400-ல் விழுகிறது. இயற்கையாக, 5-க்கு 4 என்ற விகிதத்தில் வரும் காந்தாரம் 386-ல் இருக்கிறது. வித்தியாசம் வெறும் 14 பங்கு. ஆனால் பழகின காது, "எங்கயோ உறுத்துது" என்று சொல்லிவிடும். நம்மிசைக்கு ஹார்மோனியம் ஒத்துவராது என்று 1940-ல் அகில இந்திய வானொலி தடை போட்டதற்கு இந்தச் சமபாக வெட்டும் ஒரு காரணம், கமகம் பிடிக்க முடியாதது இன்னொரு காரணம். 1971-ல்தான் அந்தத் தடை தளர்ந்தது.

தம்பூராவை மீட்டினால், யாரும் வாசிக்காமலே அந்த 386 காந்தாரம் தானாக எழும்பும். அதற்குப் பெரியவர்கள் வைத்த பெயர் ‘சுயம்பு ஸ்வரம்’. தானாகத் தோன்றிய லிங்கத்தைச் சுயம்பு என்கிறோமே, அதே சொல். ஒரே சங்கதியை நான் விகிதம் என்றேன், என் ஸ்ரீரங்கத்து நண்பன் சுயம்பு என்றான். அதற்குப்போய் மூன்று வருஷம் சண்டை!

1970களின் இறுதியில் பெங்களூரில், விமானத் துறைப் பொறியாளரும் புல்லாங்குழல் கலைஞருமான ராஜ் நாராயண் எலெக்ட்ரானிக் தம்பூராவைக் கொண்டுவந்தார். மின்சாரத்தில் ஓடுவதாலேயே ஒரு சுருதி பொய்யாகிவிடாது. 386 வேண்டுமென்றால் சர்க்யூட் 386-ஐத் தரும். பழைய ஹார்மோனியத்தால்தான் தர முடியாது. "சுவிட்சைப் போட்டா நாதமா" என்று கேட்ட நண்பன் இப்போது காலையில் செல்போனில் சுருதி வைத்துக்கொண்டுதான் பாசுரம் பாடுகிறான். நான் கேலி செய்வதில்லை. அவன் பாடுவது நன்றாகவே இருக்கிறது.

ஆனால் எங்கள் டீக்கடைக் கூட்டத்தில் நாலாவதாக ஒருவன் உண்டு. அதிகம் பேசமாட்டான். அவன் அப்பா ஒரு சின்னக் கோயிலில் தவில் வாசித்தவர். யாரோ ஒரு புண்ணியவான் அந்தக் கோயிலுக்கு மோட்டார் மேளம் வாங்கிக் கொடுத்தார். பல கோயில்களில் பார்த்திருப்பீர்கள். மோட்டார் சுற்றும், தண்டில் இருக்கும் முட்டு கோலைத் தூக்கித் தூக்கி விடும், முரசும் மணியும் ஜால்ராவும் சேர்ந்து அலறும். அதில் எலெக்ட்ரானிக்ஸ்கூட இல்லை, வெறும் கரண்டு.

ஒருநாள் நாங்கள் காரசாரமாக வாதாடிக்கொண்டிருந்தபோது அவன் சொன்னான்: "மெஷின் தப்பா வாசிக்கறதில்லடா, கணக்கு சரியாத்தான் இருக்கு. ஆனா எங்கப்பா தீபத்தைப் பார்த்து வாசிப்பாரு. தட்டு மேல ஏறினா காலம் ஏறும், இறங்கினா இறங்கும். மெஷினு எதைப் பார்க்கும்? எனக்கு அது மேல கோவமில்ல. ‘நாளையிலேர்ந்து நீ வரவேணாம்’னு சொன்னாங்க பாரு, அவங்க மேலதான் கோவம்."

டீக்கடை அமைதியாகிவிட்டது. கடவுள் பெட்டிக்குள் வருவாரா என்று கேட்டுக்கொண்டிருந்த எங்களில் ஒருவருக்கும், பெட்டி வந்தால் யார் வெளியே போகிறார்கள் என்று கேட்கத் தோன்றவில்லை. அந்த நண்பன் பிறகு ரிதம் பேட் கற்றுக்கொண்டு மெல்லிசைக் குழுக்களில் வாசித்தான். அதில் அவன் தட்டினாலும் பாடுகிறவர் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் தட்டுவான்.

இன்றைக்குப் பாட்டைத் தானே எழுதி, தானே மெட்டமைத்து, தானே பாடும் செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது. விடுதியில் இப்போதும் சண்டை நடக்கும். நடக்கட்டும், நல்லா சண்டை போடுங்க தம்பிகளா. விகிதத்தையும் படியுங்கள், திருப்புகழையும் கேளுங்கள். கூடவே அந்த நாலாவது ஆளின் கேள்வியையும் கேளுங்கள்.

கடைசியாகச் சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். காலையில் வாசலில் நம்மை வரவேற்றது ஸ்பீக்கரில் போட்ட நாகஸ்வரம். வரவேற்புக் குழு நண்பர்கள் கோபிக்க வேண்டாம், சவுண்டு பிரமாதம். ஆனால் அடுத்த கூடுகைக்கு இந்தச் சுற்றுவட்டாரத்திலிருந்து ஒரு மேளக்காரக் குழுவை முறையாகத் தாம்பூலம் வைத்து அழைப்போம். முதல் வருஷச் சம்பளம் என் பொறுப்பு. நாம் உள்ளே நுழையும்போது நம் முகத்தைப் பார்த்து ஒருவர் வாசிக்கட்டும்.

சாப்பாடு ரெடி என்று செயலாளர் சைகை காட்டுகிறார். காலப்பிரமாணம் தவறக்கூடாது.