நாற்காலி போட்டால் போதுமா?

(கோலார் தங்கவயலில் நம் சங்கக் கூடத்தில் நடந்த உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

செயலாளர் எனக்குக் கொடுத்திருப்பது பதினைந்து நிமிஷம். கூடத்தைப் புதுப்பிக்கச் சேர்ந்திருக்கும் நிதியை எதற்குச் செலவழிப்பது என்று இன்று பிற்பகல் முடிவு செய்யப் போகிறோம். மேடைக்குப் புது வெல்வெட் திரையும் கலர் விளக்குகளும் வாங்கலாம் என்று ஒரு யோசனை இருக்கிறது. அதற்கு முன்னால் செய்ய வேண்டியது வேறு இருக்கிறது என்பது என் கட்சி.

ஆண்டு விழா நாடகத்துக்கு வருஷா வருஷம் கூட்டம் குறைகிறது. டி.வி. காரணம், செல்போன் காரணம், பிள்ளைகள் பெங்களூருக்கும் அமெரிக்காவுக்கும் போய்விட்டது காரணம் என்கிறோம். 2001 பிப்ரவரியில் சுரங்கத்தை மூடிய பிறகு எத்தனையோ குடும்பங்கள் ஊரைவிட்டுப் போனது உண்மைதான். ஆனால் ராபர்ட்சன்பேட்டையிலும் ஆண்டர்சன்பேட்டையிலும் இன்றும் இருப்பவர்கள் ஏன் வருவதில்லை? சந்தா வாங்க வீடு வீடாகப் போனபோது கேட்டுப் பார்த்தேன். "இப்பல்லாம் நாடகத்துல இஷ்டம் போயிடுத்து" என்றார் ஒரு மாமா. அவர் அலமாரியில் சோ நாடகப் புத்தகங்களும் எஸ்.வி. சேகர் நாடகக் காசெட்டுகளும் வரிசையாக இருக்கின்றன. சமையலறையிலிருந்து மாமி குரல் கொடுத்தார்: "இஷ்டமெல்லாம் நன்னா இருக்கு. படி ஏற முடியலை. ஏறினாலும் காது கேக்க மாட்டேங்கறது. நடுவுல பாத்ரூம் போகணும்னா பத்து பேர் காலை மிதிச்சுண்டு போகணும். சொல்லிக்க வெக்கம்!"

மாமி சொன்ன அந்த மூன்றும், அவர் சொல்லாத இரண்டொன்றும்தான் இன்று என் விஷயம்.

முதலில் படி. சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் ஆட்களைக் கேஜில் இறக்கி, மறுபடி மேலே கொண்டு வந்த ஊர் இது. 1902-லேயே சிவனசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்த ஊர். இங்கே ஒரு மனிதரை இரண்டடி மேலே ஏற்ற வழியில்லை! நம் வாசலில் நான்கு படி, ஒவ்வொன்றும் அரை அடி. சாய்தளத்துக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு என்பது கணக்கு. அதாவது ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம். நமக்கு இருபத்து நான்கு அடி வேண்டும். அதைவிடச் செங்குத்தாகப் போட்டால் சக்கர நாற்காலி பின்னால் உருளும், தள்ளுகிறவர் மூச்சும் வாங்கும். சில கட்டடங்களில் ஸ்கூட்டர் ஏற்றுவதற்குப் போட்ட மாதிரி ஒரு சிமெண்ட் சரிவைப் போட்டுவிட்டுக் கடமை முடிந்தது என்கிறார்கள். அது வேண்டாம். முன்வாசலில் அவ்வளவு இடம் இல்லை. பக்கவாட்டில் சைக்கிள் ஸ்டாண்ட் பக்கமாகத் திருப்பிக் கொண்டு போகலாம். அகலம் நான்கு அடி, இரண்டு பக்கமும் கைப்பிடி, திருப்பத்தில் ஒரு சமதளம்.

"நாலு பேர் சேர்ந்து தூக்கினால் ஆச்சு" என்று ஒருவர் சொன்னார். என் அத்திம்பேர் சக்கர நாற்காலியில் இருப்பவர். அவர் சிரித்துக் கொண்டே பதில் சொன்னார்: "நாலு பேர் தூக்கறதுக்கு எனக்கு இன்னும் வேளை வரலை."

அவரைப் பெங்களூரில் ஒரு அரங்கத்துக்கு அழைத்துப் போயிருந்தோம். உள்ளே போக வழி இருந்தது. ஆனால் கடைசி வரிசைக்கும் பின்னால், கதவோரத்தில் நிறுத்தச் சொன்னார்கள். அக்கா எட்டு வரிசை முன்னால், அவர் தனியாகப் பின்னால். மனைவியோடு சேர்ந்து சிரிக்க முடியாத நகைச்சுவை நாடகத்தில் என்ன இருக்கிறது? நம் கூடத்தில் மூன்றாவது வரிசை ஓரத்தில் இரண்டு நாற்காலியை எடுத்தால் மூன்றடிக்கு நான்கடி இடம் கிடைக்கும். பக்கத்து நாற்காலி கூட வருகிறவருக்கு. இதற்குச் செலவே கிடையாது.

மேடையும் நினைவிருக்கட்டும். நவராத்திரிக்கு வீணை வாசிக்கும் மாமிக்கு முழங்கால் வலி. பக்கவாட்டுப் படியில் பிடித்துக் கொள்ள ஒரு கம்பிகூட இல்லை. சீட்டில் இருப்பவருக்கு வசதி பண்ணிவிட்டு மேடையில் இருப்பவரை விட்டுவிடக் கூடாது.

இனி காது. கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டிய விஷயம் இது. காது மந்தமானவருக்குச் சத்தத்தைக் கூட்டினால் போதும் என்று நினைக்கிறோம். வயதாகும்போது முதலில் போவது உயர்ந்த சுருதியில் உள்ள ஒலிகள். உயிரெழுத்து கேட்கும், வல்லினம் நழுவும். 'பத்தி' என்றாரா 'கத்தி' என்றாரா என்று தெரியாது. அதனால்தான் "பேசறது கேக்கறது, என்ன பேசறான்னு புரியலை" என்கிறார்கள். கிரேசி மோகன் மாதிரி வார்த்தையை வைத்து விளையாடுகிற நாடகத்தில் ஒரு எழுத்து போனால் ஜோக்கே போயிற்று. ஸ்பீக்கரை ஏற்றினால் எதிரொலிதான் ஏறும், காது வலிக்கும். இந்த ஊரில் டிரில் சத்தத்திலும் மில் சத்தத்திலும் வருஷக்கணக்காக வேலை பார்த்தவர்களுக்கு இது இன்னும் அதிகம்.

காதில் கருவி இருக்கிறதே என்பீர்கள். அந்தக் கருவியின் மைக் நடிகர் குரலோடு மின்விசிறி, இருமல், முறுக்கு கடிக்கும் சத்தம் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் பெருக்கிக் கொடுக்கும். மேலை நாடுகளில் பல அரங்கங்களில் கூடத்தைச் சுற்றி ஒரு கம்பியை ஓட்டி, மேடை மைக்கின் ஒலியை அதில் செலுத்துகிறார்கள். கருவியை 'டி' என்ற நிலைக்கு மாற்றிக் கொண்டால் நடிகர் குரல் மட்டும் நேரே காதுக்கு வரும். எல்லாக் கருவியிலும் இந்த 'டி' கிடையாது. ஆகவே கம்பி வாங்குமுன் நம் உறுப்பினர்களிடம் எத்தனை பேரிடம் அது இருக்கிறது என்று விசாரிக்க வேண்டும். அதுவரைக்கும் இரண்டு காரியம் செய்யலாம். டிசம்பர் குளிரில் சுற்றும் அந்தக் கடகட விசிறிகளை நிறுத்தலாம். மேடைக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் திரை கட்டி, வசனத்தைப் பெரிய எழுத்தில் புரொஜெக்டரில் காட்டலாம். வசனம் நம்மிடம் முன்னாலேயே இருக்கிறது. லேப்டாப்பில் வரி வரியாகத் தட்டிக் கொண்டு போக ஒத்திகைக்கு வந்த ஒரு பையன் போதும். கீழே ஆங்கிலத்திலும் ஒரு வரி போட்டால் தமிழ் படிக்கத் தெரியாத நம் பேரப் பிள்ளைகளுக்கும் ஆகும். அவர்களுக்குக் காது நன்றாகத்தான் கேட்கிறது, தமிழ்தான் பாதி புரிவதில்லை.

கண் பார்வை குறைந்தவர்களுக்கு என்ன செய்வது? இதில் நம் முன்னோர் நம்மைவிட முன்னால் இருந்தார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. தஞ்சை ஜில்லா மெலட்டூரில் நரசிம்ம ஜெயந்தியை ஒட்டி நடக்கும் பாகவத மேளாவில் ஒரு பாத்திரம் சும்மா வந்து நிற்பதில்லை. வருகிறவர் யார், எப்பேர்ப்பட்டவர் என்று பாத்திரப் பிரவேச தரு பாடி, அதற்குப் பிறகுதான் பிரவேசம். தெருக்கூத்தில் கட்டியங்காரன் இருக்கிறான். திரைக்குப் பின்னால் நிற்பவரைக் கேள்வி கேட்டே பாதிக் கதையைச் சொல்ல வைத்துவிடுவான். ஹரிகதையில் கேட்கவே வேண்டாம், கண்ணை மூடிக் கொண்டு உட்கார்ந்தாலும் சீதா கல்யாணம் தெரியும். இதெல்லாம் பார்வையற்றவருக்காக ஏற்பட்டது என்று சொல்ல வரவில்லை. எண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் தூரத்தில் இருந்தவருக்கும் புரிய வேண்டுமே! ஆனால் பலன் பார்வையற்றவருக்கும் கிடைத்தது. சபா நாடகம் வந்த பிறகு நடிகர் பேசாமல் ஒரு முகபாவம் காட்டுகிறார், கூடம் சிரிக்கிறது, பார்வை இல்லாதவர் "என்ன ஆச்சு?" என்கிறார், முன்வரிசை "உஷ்" என்கிறது.

1981-ல் வாஷிங்டன் அரீனா ஸ்டேஜ் அரங்கில், தாமே பார்வைக் குறைபாடு உள்ள மார்கரெட் ராக்வெல் என்ற அம்மையாரின் முயற்சியில், வசனங்களுக்கு இடையே மேடையில் நடப்பதைக் காதுக்குழாயில் சொல்லும் முறை ஆரம்பமானது. நமக்கு அந்தக் கருவி உடனே வேண்டியதில்லை. நாடகம் தொடங்க அரைமணி முன்னால் அவர்களை மேடைக்கே அழைத்துப் போகலாம். சோபா எங்கே, கதவு எங்கே என்று நடந்து பார்க்கட்டும். கிரீடத்தையும் கதாயுதத்தையும் தொட்டுப் பார்க்கட்டும். ஒவ்வொரு நடிகரும் தம் வேஷத்தின் பெயரைச் சொல்லி இரண்டு வாக்கியம் பேசினால் குரல் பழகிவிடும்.

குழந்தைகளில் ஆட்டிசம் உள்ளவர்களுக்குத் திடீர் இருட்டும் வெடிச் சத்தமும் தாங்காது. நியூயார்க்கில் 2011-ல் 'லயன் கிங்' நாடகத்தை அவர்களுக்காகவே விளக்கை முழுக்க அணைக்காமல், சத்தத்தைக் குறைத்து, எழுந்து போய் வர அனுமதித்து நடத்தினார்கள். எழுந்து போய் வருவது நமக்குப் புதிதா என்ன? தனி ஆவர்த்தனம் ஆரம்பித்தால் கேன்டீனுக்குப் போகிற ஜாதி நாம். ஒரு குழந்தை சத்தம் போட்டால் மட்டும் எல்லோரும் அந்தத் தாயைத் திரும்பிப் பார்க்கிறோம்.

புகை பற்றி ஒரு வார்த்தை. புராண நாடகத்தில் தேவர்கள் வந்தால் புகை வர வேண்டும் என்று ஒரு வழக்கம். காற்றடித்தால் சயனைடு மேட்டுத் தூசியைச் சுவாசித்து வாழ்ந்த ஊர் இது, சிலிகோசிஸ் கண்ட ஊர். தேவர்கள் புகையில்லாமல் வரட்டும்.

சட்டமும் இருக்கிறது. 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 'பொதுக் கட்டடம்' என்பது அரசாங்கக் கட்டடம் மட்டுமல்ல. கலை நிகழ்ச்சிகளுக்காகப் பொதுமக்கள் வந்து போகும் தனியார் கட்டடமும் அதில் அடங்கும். நாம் கச்சேரிக்கும் கல்யாணத்துக்கும் வாடகைக்கு விடுகிறோம். பழைய கட்டடங்களுக்குக் கொடுத்த ஐந்து வருஷத் தவணை 2022-லேயே முடிந்துவிட்டது. இதற்கான விதிகள் வெறும் சிபாரிசாக இருந்தால் போதாது, கட்டாயமாக இருக்க வேண்டும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

"ஐந்தாறு பேருக்காக இவ்வளவு செலவா?" என்று பொருளாளர் கேட்பார், கேட்க வேண்டியது அவர் கடமை. மாமா வராவிட்டால் மாமி வருவதில்லை. துணைக்கு இருக்கும் பெண்ணும் வருவதில்லை. ஒரு வீட்டுக்கு மூன்று நாற்காலி காலி. அந்தக் கணக்கையும் அவர் போட்டுப் பார்க்கட்டும்.

என் பிரேரணை இதுதான். சாய்தளம், கைப்பிடிகள், பெண்கள் பக்கம் படியில்லாத ஒரு மேற்கத்திய கழிவறை, இவை முதலில். மிஞ்சுவதில் புரொஜெக்டர். திரையும் கலர் விளக்கும் அடுத்த வருஷம். இடைவேளை பத்து நிமிஷத்திலிருந்து இருபது நிமிஷம் ஆகட்டும். அழைப்பிதழில் 'தங்களுக்கு என்ன வசதி தேவை?' என்று ஒரு வரியும் ஒரு போன் நம்பரும் போட வேண்டும். அந்தப் போனை எடுக்க நான் தயார். மேஸ்திரி செவ்வாய்க்கிழமை அளவெடுக்க வருவதாகச் சொல்லியிருக்கிறார். சைக்கிள் ஸ்டாண்டை எங்கே மாற்றுவது என்று மட்டும் அதற்குள் தீர்மானித்துவிடுங்கள்.