பெத்லகேமுக்குப் போன சூசையப்பரும் புதுச்சேரி எண் காரும்

(வானொலியில் ஒலிபரப்பான திருவருகைக் கால மறையுரை)



கிறிஸ்து பிறப்புக்கு இன்னும் சில நாட்களே இருக்கின்றன. வீடுகளில் குடில் கட்டத் தொடங்கிவிட்டோம். மாட்டுத் தொழுவம், தீவனத் தொட்டி, இடையர்கள், வானதூதர் எல்லாம் வைக்கிறோம். ஆனால், அந்தக் குடும்பத்தைப் பெத்லகேமுக்கு வரவழைத்த பொருளை மட்டும் யாரும் வைப்பதில்லை. அது ஒரு பதிவேடு. அகுஸ்து சீசர் மக்கள்தொகையைக் கணக்கெடுக்கச் சொன்னார். பெயரைப் பதிவு செய்ய அவரவர் தம் ஊருக்குப் போனார்கள் என்று லூக்கா நற்செய்தி 2ஆம் அதிகாரம் சொல்கிறது. நாசரேத்திலிருந்து பெத்லகேம் 100 கிலோமீட்டருக்கும் அதிகம். உடன் வருபவரோ நிறைமாதக் கர்ப்பிணி. போகாமல் தப்பிக்கச் சூசையப்பருக்கு எத்தனையோ காரணம் இருந்தது. இருந்தும் போனார். தாவீதின் குடும்பத்தவர் என்ற உண்மையை, அது எழுதப்பட வேண்டிய இடத்திலேயே போய்ச் சொன்னார்.

சில மாதங்களுக்கு முன், கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரர் காரோடு வந்தார். பல வருடம் வளைகுடா நாட்டில் ஓட்டுநராக உழைத்துத் திரும்பியவர். "சாமி, வண்டியை மந்திரிச்சுக் கொடுங்க" என்றார். பழைய கார்தான். நம்பர் பிளேட்டில் புதுச்சேரி எண்.

"வெளிநாட்டிலிருந்தே ஒன்று கொண்டு வரவில்லையா?" என்று விளையாட்டாகக் கேட்டேன். அவர் அதையும் விசாரித்திருக்கிறார். "அங்கே ஸ்டியரிங் இடது பக்கம் சாமி, இங்கே பதிய மாட்டாங்க. பழைய கார்னா மூணு வருசத்துக்கு மேல ஆகியிருக்கக் கூடாது. மும்பைத் துறைமுகம் வழியாத்தான் வரணும். சுங்க வரி கார் விலையையே தாண்டிடும். அதான் இங்கேயே வாங்கிட்டேன்" என்றார்.

"சரி, காகிதம் யார் பெயரில் இருக்கிறது?"

"இன்னும் வித்தவர் பேர்லதான் இருக்கு. புதுச்சேரியில தெரிஞ்ச ஒருத்தர் வீட்டு விலாசத்தைப் போட்டு அங்கேயே என் பேருக்கு மாத்தித் தரேன்னு தரகர் சொல்றார். இங்கே ஆயுள் வரி கட்ட வேண்டாமாம்."

"அந்த வீட்டில் நீங்கள் குடியிருக்கிறீர்களா?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை.

பிரியமானவர்களே, நம் ஊருக்கு இது புதிதல்ல. செஞ்சி, திண்டிவனம் தாண்டினால் புதுச்சேரி. அங்கே வரி குறைவு என்பதால், அந்த எண்ணோடு எத்தனையோ கார்கள் நம் சாலையில் ஓடுகின்றன. உண்மையிலேயே அங்கே குடியிருப்பவர் அங்கே பதிவதில் தவறில்லை. ஆனால், 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது: வண்டி வழக்கமாக எங்கே நிற்கிறதோ, அந்த இடத்தில்தான் பதிய வேண்டும். வேறு மாநில வண்டி இங்கே 12 மாதத்துக்கு மேல் இருந்தால், இங்கே புது எண் வாங்க வேண்டும். குடியிருக்காத வீட்டை என் வீடு என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது பொய்ச் சான்று. பத்துக் கட்டளைகளில் எட்டாவது கட்டளை வாயால் சொல்லும் பொய்க்கு மட்டும் உரியதல்ல.

"யாருக்கு என்ன நஷ்டம் சாமி? அரசாங்கத்துக்குத்தானே?" என்று நீங்கள் கேட்கலாம். நஷ்டம் நம் அயலாருக்குத்தான். பல கை மாறிய ஒரு கார் விபத்துக்குள்ளான வழக்கில், 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. காரை யார் யாருக்கு விற்றிருந்தாலும், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர்; இழப்பீட்டுப் பொறுப்பும் அவருடையதே என்பது அந்தத் தீர்ப்பு. பெயரை மாற்றாமல் நாம் ஓட்டினால், நாம் செய்யும் விபத்துக்கு, காரை விற்றுவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவர் வீட்டுக்கு நோட்டீஸ் போகும். அடிபட்டவரின் குடும்பமோ இழப்பீட்டுக்காக உரிமையாளர் யார் என்று தேடி அலையும்.

அந்தச் சகோதரர் போன பிறகு, என் மனசாட்சி என்னைக் குத்தியது. பங்கு இல்லத்தில் நிற்கும் பைக்கின் பதிவுச் சான்றை எடுத்துப் பார்த்தேன். எனக்கு முன்பு இங்கிருந்த அருள்தந்தையின் பெயர்! அவர் மாற்றலாகிப் போய் மூன்று வருடம். அதுவரை நான் ஒருவர்மேல் மோதியிருந்தால், அவரல்லவா நீதிமன்றப் படி ஏறியிருப்பார்? மறுவாரமே அவரிடம் படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கிக்கொண்டு நானும் வரிசையில் நின்றேன்.

அந்தச் சகோதரர் பட்ட பாடு என்னுடையதைவிடப் பெரிது. காருக்குக் கடன் கொடுத்த வங்கியிடம் பாக்கி இல்லை என்ற கடிதமும் படிவம் 35ம் வாங்கினார். விற்றவரைக் கூட்டிக்கொண்டு புதுச்சேரி போய், படிவம் 28 கொடுத்துத் தடையில்லாச் சான்று பெற்றார். பிறகு இங்கே பெயர் மாற்றத்துக்கு 29, 30; புது எண்ணுக்குப் படிவம் 27. சேசிஸ் எண்ணைப் பென்சிலால் தேய்த்து எடுத்த காகிதம், காப்பீடு, புகைச் சான்று, விலாசச் சான்று. அதன்பின் மோட்டார் வாகன ஆய்வாளர் காரைப் பார்வையிட்டார். காரின் வயதைக் கணக்கிட்டு ஆயுள் வரி கட்டச் சொன்னார்கள். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு வைத்திருந்த பணத்தில் கைவைக்க வேண்டியதாயிற்று. நேர்மைக்கு விலை உண்டு என்பதை நான் மறைக்க விரும்பவில்லை. கடைசியில் டிஎன் 25 என்ற எண்ணோடு காரைக் கொண்டு வந்தார். அன்று மகிழ்ச்சியோடு மந்திரித்துக் கொடுத்தேன்.

அன்பானவர்களே, இந்த நாட்களில் உங்கள் வீட்டு வண்டியின் பதிவுச் சான்றை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். விற்ற வண்டி இன்னும் உங்கள் பெயரில் இருக்கிறதா? வாங்கிய வண்டி இன்னும் பிறர் பெயரில் இருக்கிறதா? வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும்; காப்பீட்டு நிறுவனத்துக்கு 14 நாளுக்குள் சொல்ல வேண்டும்.

இன்னொன்று. கணவரை இழந்த நம் சகோதரிகள் வீட்டில், அவர் ஓட்டிய வண்டி அவர் பெயரிலேயே நிற்கிறது. இறப்பை 30 நாளுக்குள் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் படிவம் 31 கொடுக்க வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. தெரிந்தாலும், துக்கத்தில் இருப்பவர் எந்தச் சன்னலில் போய் நிற்பார்? பங்கு இளைஞர்களே, வின்சென்ட் தே பவுல் சபையினரே, படிவம் நிரப்பத் தெரிந்தவர்களே! ஒரு நாள் அவர்களோடு போய் நில்லுங்கள். அதுவும் இரக்கச் செயல்தான்.

அலுவலகங்களில் வேலை செய்யும் நம் மக்களுக்கும் ஒரு வார்த்தை. வரி தண்டுவோர் யோர்தான் கரைக்கு வந்து, தாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டபோது, திருமுழுக்கு யோவான் அந்த வேலையை விட்டுவிடச் சொல்லவில்லை. குறித்த தொகைக்கு மேல் வாங்காதீர்கள் என்றுதான் சொன்னார். லூக்கா 3ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. இந்த வாரம் வாசித்துப் பாருங்கள்.

செபிப்போம். பதிவேட்டுக்காக வழி நடந்த குடும்பத்தில் பிறந்த ஆண்டவரே, நாங்கள் போடும் ஒவ்வொரு கையெழுத்தும் உண்மையாய் இருக்க அருள்தாரும். அலுவலக வாசல்களில் காத்து நிற்கும் எளியோருக்குத் துணையாய் நிற்க எங்களை அனுப்பும். ஆமென்.