வேலைக்குப் போய்வந்து எதிர்காலத்தை எழுதியவர்கள்

1896-ஆம் ஆண்டு. கல்கத்தாவில் ஒரு கூந்தல் தைலக் கம்பெனி சிறுகதைப் போட்டி நடத்துகிறது. தைலத்தின் பெயர் குந்தலீன். முதலாளி ஹேமேந்திரமோகன் போஸ் விதித்த நிபந்தனை வேடிக்கையானது. கதைக்குள் குந்தலீன் வந்தாக வேண்டும். ஆனால் விளம்பரம் மாதிரித் தெரியக் கூடாது.

பரிசு வாங்கிய கதையில், கல்கத்தாவை நோக்கிப் பெரும்புயல் ஒன்று வருகிறது. ஊரே நடுங்கிக்கொண்டிருக்கும்போது புயல் கரையைத் தொடாமலே காணாமல் போய்விடுகிறது. வானிலை நிபுணர்கள் மண்டையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். புயலை அடக்கியவரோ, காய்ச்சலில் தலைமுடி கொட்டிப்போய், உடம்பு தேறுவதற்காக இலங்கைக்குக் கப்பல் ஏறிய ஒரு மனிதர். மகள் பெட்டியில் வைத்து அனுப்பிய தைலப் புட்டியைக் கொந்தளிக்கும் கடலில் அவர் வீசுகிறார். எண்ணெய் படர்கிறது, அலை அடங்குகிறது.

இந்தக் கதையை எழுதியவர் ஜகதீச சந்திர போஸ். கம்பியில்லா அலைகளை ஆராய்ந்துகொண்டிருந்த அதே பிரசிடென்சி கல்லூரிப் பேராசிரியர்தான். எண்ணெய்ப் படலம் அலையைத் தணிக்கும் என்ற இயற்பியலை எடுத்து ஒரு கேலிக்கதையாக்கிவிட்டார்.

நம் நாட்டு மொழிகளில் அறிவியல் புனைகதையும் மாயக்கதையும் எழுதியவர்கள் பலருக்குச் சோறு போட்டது வேறு வேலை. அந்த வேலைதான் அவர்களுக்குக் கதையையும் கொடுத்தது. இந்த உரையில் அப்படிப்பட்ட சிலரைப் பார்ப்போம்.

காசியில் வாழ்ந்த தேவகிநந்தன் கத்ரி காட்டுக் குத்தகை எடுத்தவர். சகியா, நவுகட் காடுகளில் மரம் வெட்டும் உரிமை அவரிடம் இருந்தது. கணக்குப் பார்க்கப் போன இடத்தில் பாழடைந்த கோட்டைகளையும் குகைகளையும் இடிந்த மாளிகைகளையும் சுற்றிச்சுற்றிப் பார்த்தார். குத்தகை கைவிட்டுப் போனபின் அந்த இடிபாடுகளையே மூலதனமாக்கி ‘சந்திரகாந்தா’ என்ற இந்தி நாவலை எழுதினார். மாறுவேடத்தில் கைதேர்ந்த ஒற்றர்கள், உள்ளே போனால் வெளியே வர வழி தெரியாத மாயக் கோட்டைகள் என்று கதை பறந்தது. அதைப் படிப்பதற்காகவே பலர் இந்தி எழுத்துக் கற்றுக்கொண்டார்கள் என்பது இந்தி இலக்கிய வரலாற்றில் தவறாமல் சொல்லப்படும் செய்தி. தொடர்ச்சியாக வந்த ‘சந்திரகாந்தா சந்ததி’ மட்டும் 24 பாகங்கள். 1898-இல் கத்ரி ‘லஹரி’ என்று சொந்த அச்சகமே தொடங்கிவிட்டார். எழுத்தையே தொழிலாக்கிப் பிழைத்தவர் என்ற வகையில் இந்த வரிசையில் அவர் ஒரு விதிவிலக்கு.

அடுத்தவருக்கு உத்தியோகம் பார்க்கும் வாய்ப்பே இல்லை. வங்காளத்து ரங்க்பூர் பகுதியில் 1880-இல் பிறந்த ரோகேயா, பர்தாவுக்குள் வளர்ந்தவர். பள்ளிக்கூடம் போனதில்லை. வீடு தூங்கியபின் அண்ணன் ரகசியமாக ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தார். கணவர் சகாவத் ஹுசைன் துணை மாஜிஸ்திரேட். அவர் முகாம் போயிருந்த ஒரு சமயம், பொழுதுபோகாமல் ரோகேயா ஆங்கிலத்தில் ஒரு கதை எழுதினார். அதுதான் ‘சுல்தானாவின் கனவு’.

அந்தக் கதை நடக்கும் நாட்டில் ஆண்கள் வீட்டுக்குள், பெண்கள் வெளியே. ஒரு பெண்கள் பல்கலைக்கழகம் பலூனில் குழாய் பொருத்தி மேகத்திலிருந்து தண்ணீர் எடுக்கிறது. இன்னொன்று சூரிய வெப்பத்தைச் சேமிக்கிறது. படையெடுத்து வந்த எதிரிகளை அந்த வெப்பத்தைப் பாய்ச்சியே விரட்டுகிறார்கள். ஆகாய வண்டியில் பயணம், சமையலுக்குச் சூரிய அடுப்பு. இத்தனையும் எழுதப்பட்ட ஆண்டு 1905. வெளியிட்டது நம் சென்னையிலிருந்து கமலா சத்தியநாதன் நடத்திய ‘இந்தியன் லேடீஸ் மேகசின்’. கணவர் இறந்தபின் ரோகேயா பெண்களுக்குப் பள்ளிக்கூடம் தொடங்கினார். 1911-இல் அது கல்கத்தாவுக்கு இடம் மாறியது. முஸ்லிம் குடும்பங்களின் வீட்டு வாசலில் நின்று பெண் குழந்தைகளை அனுப்பச் சொல்லிக் கேட்டார். கதையில் கட்டிய பல்கலைக்கழகத்துக்கு அவரால் போட முடிந்த அஸ்திவாரம் அது.

வங்காளத்திலேயே இன்னும் சிறிது நேரம் இருப்போம். அங்கே அறிவியல் புனைகதை ஒரு கூட்டு முயற்சியாகவே நடந்தது. சத்யஜித் ராய் 1961-இல் தம் தாத்தா தொடங்கிய ‘சந்தேஷ்’ என்ற சிறுவர் பத்திரிகைக்கு மறுபடி உயிர் கொடுத்தார். பத்திரிகை நடத்தினால் பக்கம் நிரப்ப வேண்டுமே! அப்படிப் பிறந்தவர்தான் பேராசிரியர் ஷங்கு, நாட்குறிப்பு எழுதிவைக்கும் விஞ்ஞானி. உலகம் ராயைத் திரைப்பட இயக்குநராகக் கொண்டாடியது. ஆனால் வீட்டுச் செலவுக்கு நிலையான வருமானம் தந்தவை அவருடைய புத்தகங்கள்.

1963 ஜனவரியில் அத்ரீஷ் பர்தன் என்ற இளைஞர் ‘ஆஷ்சர்ய’ என்ற மாத இதழைக் கொண்டுவந்தார். முழுக்க முழுக்க அறிவியல் புனைகதைக்கென்றே ஒரு பத்திரிகை. ஆசிரியர் பெயர் ஆகாஷ் சென் என்று அச்சாகும், அதுவும் அவரேதான். எழுதுவது, மொழிபெயர்ப்பது, அச்சகத்துக்கு ஓடுவது எல்லாம் அவர் தலையில். 1966-இல் ராய் தலைவராகவும் இவர் செயலாளராகவும் இருந்து, அறிவியல் படங்களைத் திரையிட ஒரு சினிமா சங்கமும் தொடங்கினார்கள்.

அதே ஆண்டு நடந்த ஒன்று வானொலி நேயர்களுக்கு இன்னும் நெருக்கமானது. கல்கத்தா வானொலியில் ‘சபுஜ் மானுஷ்’, அதாவது ‘பச்சை மனிதன்’, என்ற தலைப்பில் நான்கு எழுத்தாளர்கள் ஆளுக்கொரு கதை படைத்தார்கள். பிரேமேந்திர மித்ரா, அத்ரீஷ் பர்தன், திலீப் ராய்சவுதரி, சத்யஜித் ராய். நால்வருக்கும் பொருள் ஒன்று. கற்பனை வேறு வேறு. கேட்பவர்கள் ரேடியோவுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டிருப்பார்கள் என்று தாராளமாக நம்பலாம்.

1972-இல் பர்தனின் மனைவி இறந்தார். சின்னஞ்சிறு மகனை வளர்க்கும் பொறுப்பு அவர் மேல் விழுந்தது. பத்திரிகை நின்றுபோனது. மனிதர் சோர்ந்துவிடவில்லை; 1975-இல் ‘ஃபென்டாஸ்டிக்’ என்று இன்னொரு இதழ் தொடங்கினார். ஜூல் வெர்னை வங்காளிகளின் வீட்டுப் பிள்ளையாக்கிய மொழிபெயர்ப்பாளரும் இவர்தான். 2019-இல் காலமானார்.

இனி மகாராஷ்டிரம். 1974-இல் மராட்டி விஞ்ஞான பரிஷத் நடத்திய அறிவியல் கதைப் போட்டிக்கு ‘கிருஷ்ண விவர்’ என்ற கதை வந்தது. கருந்துளை என்று பொருள். அனுப்பியவர் பெயர் நாராயண விநாயக ஜக்தாப். முதல் பரிசும் கிடைத்தது. ஆளைத் தேடினால், அப்படி ஒருவர் இல்லை! கேம்பிரிட்ஜில் ஃபிரெட் ஹாயிலுடன் சேர்ந்து புதிய ஈர்ப்புக் கோட்பாட்டை உருவாக்கியிருந்த ஜயந்த் விஷ்ணு நார்லிகர்தான் அந்த ஜக்தாப். தம் முதலெழுத்துகளைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டுப் பெயர் செய்திருந்தார். கையெழுத்தை நடுவர்கள் கண்டுபிடித்துவிடக் கூடாதென்று மனைவி மங்களாவைப் பிரதி எடுத்துத் தரச் சொல்லியிருந்தார். விஞ்ஞானி என்பதற்காகப் பரிசு வேண்டாம், கதை நன்றாக இருந்தால் கொடுங்கள் என்ற நேர்மை அது. பின்னாளில் புனேயில் ‘அயூகா’ வானியல் மையத்தை நிறுவி நடத்தினார். விடாமல் மராட்டியில் கதையும் எழுதினார். 2021-இல் நாசிக்கில் நடந்த மராட்டி இலக்கிய மாநாட்டுக்கு அவரே தலைவர். 2025 மே மாதம் மறைந்தார்.

தமிழில் இந்த வரிசைக்கு யாரைச் சொல்வது என்று யோசிக்கவே வேண்டாம். ஸ்ரீரங்கத்தில் பாட்டி வீட்டில் வளர்ந்த எஸ். ரங்கராஜன், குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் எலெக்ட்ரானிக்ஸ் படித்தார். விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டில் வேலை பார்த்துவிட்டு, பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் சேர்ந்தார். பத்திரிகை உலகில் ஏற்கெனவே ஒரு ரங்கராஜன், ரா.கி.ரங்கராஜன், இருந்ததால் மனைவி பெயரைக் கடன் வாங்கினார். சுஜாதா ஆனார்.

பகலில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கும் பணியை முன்னின்று நடத்தியவர், ஆனந்த விகடனில் ‘என் இனிய இயந்திரா’ என்று சர்வாதிகார அரசு பற்றிய தொடர்கதை எழுதினார். 1980-களில் எழுதப்பட்ட அந்தக் கதை நடப்பது 2021-ஐ ஒட்டிய காலத்தில். பிள்ளை பெறக்கூட அரசாங்க அனுமதி வேண்டும். அதில் வரும் ஜீனோ என்ற இயந்திர நாய் புத்தகம் படிக்கும், எதிர்க்கேள்வி கேட்கும், நக்கலடிக்கும். மக்கள் பொத்தானை அமுக்கி ஆட்சியை மாற்றும் பெட்டி ஆபீஸில். மக்களை ஆட்டிவைக்கும் இயந்திர ஆட்சி கதையில். இரண்டையும் ஒரே மனிதர் யோசித்ததால்தான் ஜீனோ பொம்மையாகத் தோன்றவில்லை. சர்க்யூட் தெரிந்த கை எழுதியது என்பது படிப்பவருக்குப் புரிந்தது.

இவர்கள் எல்லாருக்கும் யாரோ ஒருவர் கதவைத் திறந்துவிட்டிருக்கிறார். ஜகதீச சந்திர போஸுக்கு ஒரு தைலக் கம்பெனி, ரோகேயாவுக்கு ஒரு சென்னைப் பத்திரிகை, நார்லிகருக்கு ஒரு போட்டி, சுஜாதாவுக்கு வார இதழ்கள். ஆகவே தமிழ் இதழாசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: தீபாவளி மலரில் ஓர் அறிவியல் கதைக்காவது இடம் ஒதுக்குங்கள், ஆண்டுக்கொரு போட்டி வையுங்கள். ஆய்வுக்கூடத்திலும் மருத்துவமனையிலும் மின்வாரியத்திலும் கம்ப்யூட்டர் கம்பெனியிலும் வேலை பார்க்கும் நேயர்களே, உங்களுக்குத் தெரிந்த இயந்திரத்தை வைத்து ஒரு கதை எழுதி அனுப்பிப் பாருங்கள். வெட்கமாக இருந்தால் புனைபெயரில் அனுப்பலாம்.