கரம் ஆட்டமும் தேர்வுத் திறனும்

விளையாட்டுக்களுள் உடல் வலியை முதன்மையாகக் கொண்டவை சில. மதிநுட்பத்தை முதன்மையாகக் கொண்டவை வேறு சில. இவ்விரண்டிற்கும் இடையே நின்று, விரலின் பயிற்சியையும் அறிவின் கூர்மையையும் ஒருங்கே வேண்டுவது கரம் ஆட்டம். யாழ்ப்பாணக் குடாநாட்டிலே, பருத்தித்துறை முதல் பண்டத்தரிப்பு வரை, சனசமூக நிலையங்களிலும் வாசிகசாலைகளிலும் பத்திரிகை மேசைக்கு அருகே கரம் பலகை ஒன்று இருப்பது வழமை. 1990ஆம் ஆண்டு தொடங்கிப் பல ஆண்டுகள் குடாநாடு மின்சாரமின்றி இருந்தது. அக்காலத்திலும் மண்ணெண்ணெய் விளக்கின் சிற்றொளியிலே இளைஞர்கள் இப்பலகையைச் சூழ்ந்திருந்தனர். ஓடுவதற்கு வெளியும் உலாவுவதற்கு இரவும் இல்லாத வேளையில், முழங்கால் உயரத்து மேசை ஒன்றே அவர்களுக்கு ஆடுகளமாயிற்று.

இவ்வாட்டத்தில் வல்லவன் யார்? சூழ்ந்து நிற்போரைக் கேட்டால், ஸ்ரைக்கரை எதிர்ச் சட்டத்தில் மோதவிட்டுத் திருப்பி, எவரும் எதிர்பாராத காயைக் குழியில் வீழ்த்துபவனையே சுட்டுவர். கண்ணுக்கு விருந்தாகும் திறன் அது என்பதில் ஐயமில்லை. ஆயினும், ஓர் அடியை அடிக்கும் திறன் வேறு; பல அடிகளுள் எதனை முன்னே அடிப்பது எனத் தேரும் திறன் வேறு. ஆட்டங்கள் பெரும்பாலும் முன்னதன் குறையால் தோற்பதில்லை. பின்னதன் குறையாலேயே தோற்கின்றன. இவ்வுண்மையை ஓர் எடுத்துக்காட்டினால் விளக்கலாம். அதற்கு முன்னர், ஆட்டத்தின் விதிகளைச் சுருக்கமாக நினைவுகூர்தல் நன்று.

பலகையின் ஆடுதளம் ஏறத்தாழ 74 சென்ரிமீற்றர் சதுரம். மூலைக்கு ஒன்றாக நான்கு குழிகள். ஒவ்வொன்றின் விட்டமும் 4.45 சென்ரிமீற்றர். வெள்ளைக் காய்கள் 9, கறுப்புக் காய்கள் 9, சிவப்புக் காய் 1. தன் நிறக் காய்கள் அனைத்தையும் முதலில் வீழ்த்தியவன் அந்தச் சுற்றை வெல்கிறான். எதிராளியின் காய்கள் எத்தனை எஞ்சியுள்ளனவோ, அத்தனை புள்ளிகள் அவனைச் சேரும். சிவப்பை வீழ்த்தியவன், உடனேயே தன் காய் ஒன்றையும் வீழ்த்தி அதனை உறுதிப்படுத்தல் வேண்டும். தவறினால் சிவப்பு மீண்டும் பலகையின் நடுவுக்கு வந்துவிடும். அவ்வாறு உறுதிப்படுத்தியவனே சுற்றையும் வென்றால், மேலும் 3 புள்ளிகள் பெறுவான். ஏற்கெனவே 22 புள்ளிகளை எட்டியவனுக்கு மட்டும் அவை இல்லை. சிவப்பு பலகையில் இருக்கும்வரை எவனும் தன் கடைசிக் காயை வீழ்த்திச் சுற்றை முடித்துவிட இயலாது. முதலில் 25 புள்ளிகளை எட்டியவன், அன்றேல் 8 சுற்றுகளின் முடிவில் முன்னிற்பவன், ஆட்டத்தை வெல்வான்.

இனி நிலையைக் கவனிக்கலாம். நடப்பது எட்டாவது சுற்று. அதுவே இறுதிச் சுற்று. வெள்ளையை ஆடுபவன் 19 புள்ளிகளும், கறுப்பை ஆடுபவன் 17 புள்ளிகளும் பெற்றுள்ளனர். பலகையில் வெள்ளைக் காய்கள் இரண்டு, கறுப்புக் காய்கள் இரண்டு, இவற்றோடு சிவப்பு. கறுப்பு இரண்டும் குழிகளுக்கு அண்மையில் உள்ளன. வாய்ப்புக் கிடைத்தால் எதிராளி அவற்றை எளிதில் வீழ்த்திவிடுவான். முறை வெள்ளையினுடையது. வெள்ளைக் காய்களுள் ஒன்று, எதிர்ப்புறத்து இடக் குழியின் விளிம்பிலே விழும் தறுவாயில் நிற்கிறது. மற்றொன்று, ஆடுபவனின் அடிக்கோட்டிற்கும் பின்னால், அவன் பக்கத்துச் சட்டத்தின் அருகே ஒதுங்கிக் கிடக்கிறது. சிவப்போ பலகையின் நடுவிலிருந்து சற்று விலகி, எதிர்ப்புறத்து வலக் குழியை நோக்கிச் செலுத்தத்தக்க இடத்தில் உள்ளது.

பின்னால் ஒதுங்கிய காயே இங்கு இடர் தருவது. அதனை வீழ்த்த ஸ்ரைக்கர் எதிர்ச் சட்டம்வரை சென்று, அங்கே மோதித் திரும்பி வருதல் வேண்டும். சென்று மீளும் தூரம் ஏறத்தாழ 130 சென்ரிமீற்றர். விரல் ஒரு பாகை பிசகினால், ஸ்ரைக்கர் வந்துசேரும் இடம் 2 சென்ரிமீற்றருக்கு மேல் விலகிவிடும். காயின் விட்டமோ 3 சென்ரிமீற்றரைச் சற்றே கடந்தது. நேராக 40 சென்ரிமீற்றர் சென்று தாக்கும் அடியில், அதே ஒரு பாகைப் பிசகினால் ஏற்படும் விலகல் ஏறத்தாழ 7 மில்லிமீற்றர் மட்டுமே. தூரம் கூடக்கூடப் பிழையும் வளர்கிறது என்பது இதனால் விளங்கும்.

வெள்ளையை ஆடுபவனுக்கு வழிகள் மூன்று. முதல் வழி, குழியின் விளிம்பில் நிற்கும் காயை உடனே வீழ்த்துவது. கைக்கு எட்டிய கனியைப் பறிக்கும் ஆசை இயல்பானதே. ஆனால் அதன் பின்னர் சிவப்பை உறுதிப்படுத்த எஞ்சுவது, பின்னால் ஒதுங்கிய அந்தக் கடினமான காய் மட்டுமே. சிவப்பை வீழ்த்தி, அடுத்த அடி தவறினால், சிவப்பு நடுவுக்கு மீளும். எதிராளி அதனையும் தன் காய்கள் இரண்டையும் வீழ்த்தி, 3 புள்ளிகளோடு எஞ்சிய ஒரு வெள்ளைக்காக 1 புள்ளியும் பெறுவான். 17 என்பது 21 ஆகும், ஆட்டம் போய்விடும்.

இரண்டாவது வழி, கடினமான காயை முதலிலேயே அடித்துப் பார்ப்பது. இடரை முதலில் நீக்கிவிட்டால் எஞ்சியவை எளியவை என்பது இதன் நியாயம். அடி பலித்தால் பார்ப்போர் கைதட்டுவர். தவறினாலோ, எதிராளி சிவப்பையும் தன் காய்களையும் முடித்து 5 புள்ளிகள் பெற்று, 22 உடன் வெல்வான். நூறில் பத்து முறையே பலிக்கக்கூடிய ஓர் அடியின்மேல் முழு ஆட்டத்தையும் பந்தயமாக வைப்பது இவ்வழி.

மூன்றாவது வழி, சிவப்பை முதலில் வீழ்த்தி, விளிம்பில் நிற்கும் எளிய காயால் அதனை உறுதிப்படுத்துவது. பின்னர் கடினமான காயை அடிக்கலாம். அது தவறட்டும், எதிராளி தன் இரு காய்களையும் வீழ்த்திச் சுற்றை வெல்லட்டும். அவனுக்குக் கிடைப்பது எஞ்சிய ஒரு வெள்ளைக்கான 1 புள்ளி மட்டுமே. சிவப்பை உறுதிப்படுத்தியவன் அவன் அல்லன் ஆதலால், அந்த 3 புள்ளிகள் அவனுக்கு இல்லை. 17 என்பது 18 ஆகும். வெள்ளை 19 இல் நின்று, சுற்றை இழந்தும் ஆட்டத்தை வெல்லும்.

மூன்று வழிகளிலும் காய்கள் அவையே. அடிக்க வேண்டிய அடிகளும் அவையே. வரிசை மட்டுமே வேறு. அந்த வரிசையே வெற்றியையும் தோல்வியையும் பிரிக்கிறது. முதல் வழியை ஆடுபவன் எளிமையை மட்டும் பார்த்தான். இரண்டாவதை ஆடுபவன் அருமையை மட்டும் பார்த்தான். மூன்றாவதை ஆடுபவனோ, தவறினால் என்ன ஆகும் என்பதையும் உடன் பார்த்தான்.

சிவப்பை அடிக்கும் அடியும் தவறக்கூடும் அன்றோ என ஒருவர் வினவலாம். வினவுதல் தகும். அங்கேயும் தேர்வு உண்டு. வலிந்து அடித்துத் தவறினால், சிவப்பு சட்டங்களில் மோதி நடுவுக்குத் திரும்பி, எதிராளிக்கு நேரே வந்து நிற்றல் கூடும். குழியை எட்டும் அளவுக்கு மட்டும் வலுவாக அடித்துத் தவறினால், அது எதிர்ச் சட்டத்தின் அருகிலேயே, எதிராளியின் அடிக்கோட்டிற்குப் பின்னால் ஒதுங்கி நிற்கும். தனக்கு இடராயிருந்த நிலை அப்போது அவனுக்கு இடராகிவிடும். எனவே, எந்தக் காய் என்பதைத் தேர்வது போன்றே, எவ்வளவு வலிமை என்பதையும் தேர்தல் வேண்டும்.

இவ்வுண்மை கரம் பலகைக்கு மட்டும் உரியதன்று. மேலைநாடுகளில் பெருவழக்கான பில்லியட்ஸ் ஆட்டத்திலே, குழிகளே இல்லாத மேசையில் ஆடப்படும் ஒருவகை உண்டு. அதனை மூன்று மெத்தை ஆட்டம் எனலாம். 2.84 மீற்றர் நீளமும் 1.42 மீற்றர் அகலமும் கொண்ட ஆடுதளத்தில் மூன்று பந்துகள். ஆடுபவனின் பந்து மற்ற இரண்டையும் தொடல் வேண்டும். இரண்டாவதைத் தொடுமுன், ஓரத்து மெத்தைகளில் மூன்று முறையேனும் மோதியிருத்தல் வேண்டும். ஒரே நிலைக்கு நான்கைந்து பாதைகள் தோன்றுவதுண்டு. தேர்ந்தவர் அவற்றுள் அழகியதை நாடார். பிழைக்கு இடங்கொடுப்பதை நாடுவர். மூலையின் அருகே கிடக்கும் பந்தை அவர்கள் பெரிய பந்து என்பர். நேரே வந்தும் தொடலாம், மெத்தையில் பட்டுத் திரும்பியும் தொடலாம் ஆதலின், அளவில் மாறாத அப்பந்து இலக்கு என்ற வகையில் பெரிதாகிவிடுகிறது. முதலில் தொட்ட பந்து உருண்டு வந்து குறுக்கே மோதுமா என்பதையும், அடி தவறினால் எதிராளிக்கு என்ன எஞ்சும் என்பதையும் அவர்கள் முன்னரே எண்ணுவர்.

கரத்தில் ஸ்ரைக்கரை ஒவ்வொரு முறையும் எடுத்து அடிக்கோட்டில் வைத்துக்கொள்ளலாம். பில்லியட்ஸிலோ பந்து நின்ற இடமே அடுத்த அடிக்குத் தொடக்கம். ஆகவே, அங்கே ஓர் அடியைத் தேர்பவன் அடுத்த அடியையும் சேர்த்தே தேர்கிறான். அத்தகைய மேசையிலே, ஆங்கில முறைப் பில்லியட்ஸில், 1973 இல் பம்பாயில் நடைபெற்ற உலக அமெச்சூர் போட்டியில் முதன்மை பெற்றவர் இலங்கையரான எம். ஜே. எம். லாபீர். கரம் ஆட்டத்தில், சென்னையைச் சேர்ந்த மரிய இருதயம் 1991 இலும் 1995 இலும் உலக சம்பியன் ஆனார். 2012 இல் கொழும்பில் நடந்த போட்டியில் இலங்கையின் நிசாந்த பெர்னாண்டோ அப்பட்டத்தை வென்றார். இப்பெருமைகள் கடல் கடந்த நாட்டினர்க்கே உரியன என்று குடாநாட்டு இளைஞன் எண்ண வேண்டியதில்லை.

பெற்றோர் சிலர் கரம் ஆட்டத்தை வீண் பொழுதுபோக்கு என்று கடிவர். மணிக்கணக்காய் ஆடிப் படிப்பை மறப்பவனைக் கடிதல் முறையே. ஆனால், அளவோடு ஆடுபவன் பெறும் பயிற்சி சிறிதன்று. பரீட்சை மண்டபத்திலே கடினமான வினாவோடு மல்லுக்கட்டி, தெரிந்த வினாக்களுக்கு நேரமின்றிப் போகும் மாணவன், இரண்டாவது வழியை ஆடியவனே. சிறு தொழில் தொடங்கும்போது கைம்முதல் முழுவதையும் ஒரே வாய்ப்பில் இட்டுவிடுபவனும் அவனே. இழக்கக்கூடியதை முதலில் அளந்து, அதற்கு அணை கட்டிய பின்னர் துணிபவன் கோழையல்லன். அவன் துணிவே நெடுநாள் நிலைப்பது.

இளைஞர்க்கு ஒரு பயிற்சி கூறலாம். ஆட்டம் முடிந்ததும் காய்களைக் கலைத்துவிடாமல், தோல்விக்குத் திருப்பமாயிருந்த நிலையை மீண்டும் பலகையில் அமைத்துப் பார்த்தல் வேண்டும். வென்றவனும் தோற்றவனும் சேர்ந்திருந்து, அங்கே எத்தனை வழிகள் இருந்தன, ஒவ்வொன்றும் தவறியிருந்தால் புள்ளிகள் எவ்வாறு மாறியிருக்கும் என்று கணக்கிடல் வேண்டும். அதற்குப் பத்து நிமிடங்கள் போதும். விரலுக்குப் பயிற்சி தருவதற்கு நூறு அடிகள் வேண்டும். அறிவுக்குப் பயிற்சி தருவதற்கு அந்த ஒரு நிலை போதுமானது.