காகிதமா, கருவியா?

(நம் சங்கத்தின் கிளைக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரை)

 

காகிதப் புத்தகம் உசத்தியா, கிண்டில் போன்ற கருவி உசத்தியா என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். நம்மில் பலருக்குக் கருவியின் மேல் ஒரு கோபம் இருப்பதால், முதலில் அதன் பக்கம் பேசிவிடுகிறேன்.

நான் சர்க்கார் உத்தியோகத்தில் இருந்தவன். மூன்று வருஷத்துக்கு ஒரு மாற்றல். தமிழ்ப் புத்தகம் வேண்டுமானால் மெட்ராஸ் போகிறவரிடம் சொல்லி வைத்துக் காத்திருக்க வேண்டும். இன்று அந்தக் கஷ்டம் இல்லை. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் சங்க நூல்கள் முதல் 'பொன்னியின் செல்வன்' வரை இலவசமாகக் கிடைக்கின்றன. 2016 டிசம்பர் முதல் கிண்டிலிலும் தமிழ் நூல்கள் வருகின்றன. எழுத்தை வேண்டிய அளவு பெரிதாக்கிக் கொள்ளலாம். நம் வயதில் இது பெரிய உபகாரம்.

கண் கெடும் என்பவர்களுக்கு ஒரு விஞ்ஞான விளக்கம். இந்தக் கருவியின் திரை செல்போன் திரை போன்றதல்ல. அதனுள் மிக நுண்ணிய உறைகளில், எதிரெதிர் மின்னேற்றம் கொண்ட கறுப்பு, வெள்ளைத் துகள்கள் இருக்கின்றன. மின்புலம் மாறும்போது ஒன்று மேலே வரும், மற்றது கீழே போகும். காகிதத்தைப் போலவே, மேலே விழும் வெளிச்சத்தில்தான் எழுத்து தெரிகிறது.

அப்படியானால் அலமாரியைக் காலி செய்துவிடலாமா? கூடாது. 2009 ஜூலையில் நடந்ததைக் கேளுங்கள். ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984' நாவலைக் கிண்டிலுக்காக வாங்கியிருந்த பலரின் கருவியிலிருந்து அது திடீரென்று மறைந்தது. விற்றவருக்கு உரிமை இல்லை என்று தெரிந்ததும் அமேசான் நிறுவனமே நீக்கிவிட்டது. பணத்தைத் திருப்பித் தந்து, பிறகு மன்னிப்பும் கேட்டது. ஆனாலும் ஒரு விஷயம் புரிந்தது. நாம் வாங்குவது புத்தகத்தை அல்ல, படிக்கும் அனுமதியை. அந்த அனுமதி பொதுவாக நம் பெயரோடு சரி, பிள்ளைகளுக்குச் சேராது. அப்பாவின் அலமாரி நமக்கு வந்தது போல, நம் கருவியில் உள்ள நூல்கள் அவர்களுக்குப் போகும் என்று நம்பியிருக்க முடியாது.

காகிதம் மட்டும் சிரஞ்சீவியா? பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து மரக்கூழில் செய்த காகிதத்தில் படிகாரம் சேர்த்தார்கள். அதனால் உண்டாகும் அமிலம் நாரை மெல்ல மெல்ல அறுக்கிறது. பாட்டி வாரப் பத்திரிகையிலிருந்து தொடர்கதைகளைக் கிழித்து பைண்டு செய்த தொகுதி, இன்று தொட்டால் அப்பளமாய் நொறுங்குவது அதனால்தான். கல்கியின் கதை எங்கும் கிடைக்கும். ஆனால் மணியத்தின் சித்திரங்களோடு, அன்றைய விளம்பரங்களோடு வந்த அந்தப் பக்கம் எங்கே கிடைக்கும்?

ஓலை செல்லரித்துப் போவதைக் கண்ட உ.வே. சாமிநாதையர், 1887இல் சீவக சிந்தாமணியை அச்சில் ஏற்றினார். ஓலைதான் உசத்தி என்று அவர் வாதாடிக்கொண்டிருக்கவில்லை. இருப்பது அழிவதற்குள் இன்னொன்றில் ஏற்றிவிட வேண்டும் என்பதே அவர் காட்டிய வழி.

ஆகவே மூன்று வேண்டுகோள்கள். தினசரி வாசிப்புக்குக் கருவியைத் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். பேரக்குழந்தைகளுக்கு விட்டுச்செல்ல விரும்பும் ஐம்பது நூல்களையாவது காகிதத்தில் வாங்கி, அவர்கள் கண்ணில் படும்படி கூடத்தில் வையுங்கள். கருவிக்குள் ஐந்நூறு நூல் இருந்தாலும் குழந்தைக்குத் தெரியாது. மூன்றாவதுதான் அவசரம். தாத்தா கையெழுத்தில் உள்ள நோட்டுகள், கிரந்த எழுத்தில் அச்சான பழைய நூல்கள், பைண்டு செய்த தொகுதிகள் ஆகியவற்றை ஸ்கேன் செய்து, இரண்டு மூன்று இடங்களில் பத்திரப்படுத்துங்கள். கணினி தெரிந்த இளைஞர்கள் ஒவ்வொரு கிளையிலும் இருக்கிறார்கள். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இதற்கு ஒதுக்கினால் போதும்.

அந்த நோட்டுகளுக்கு வேறு பிரதி கிடையாது. நம் வீட்டுப் பரணில் இருப்பது ஒன்றுதான்.